கணினிக் கேள்வி பதில்: ரவுட்டரில் செருகிய ஹார்டு டிஸ்க்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் கீழ்த்தளமும் மாடியுமாக உள்ள சொந்த வீட்டில் வசிக்கிறோம். மாடியில் மூன்று இளைஞர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். அவர்களுக்கும் எங்கள் வைஃபைதான். குடும்பப் படங்கள், திருமணக் காணொளிகள், வீட்டுப் பத்திரத்தின் நகல்கள் ஆகியவற்றை ஒரே இடத்தில் வைக்க எண்ணி, யூஎஸ்பி துளை உள்ள ரவுட்டர் ஒன்றை வாங்கி அதில் 2 டெராபைட் ஹார்டு டிஸ்க்கைச் செருகினோம். டிவியில் படங்கள் தெரிகின்றன, பழைய மடிக்கணினியிலும் டிஸ்க் திறக்கிறது, ஆனால் மகள் வாங்கிய புதிய விண்டோஸ் 11 மடிக்கணினியில் மட்டும் திறக்க மறுக்கிறது. மின்சாரம் போய் வந்தால் சில வேளைகளில் டிஸ்க்கே காணாமல் போய்விடுகிறது. என்ன செய்வது?

(வாசகி, அல்சூர்)

பதில்: இரண்டு குறைகளைச் சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் குறையாகச் சொல்லாத மூன்றாவது ஒன்றும் உங்கள் கடிதத்தில் இருக்கிறது; அதைக் கடைசியில் பார்ப்போம்.

முதலில் புதிய மடிக்கணினி. ரவுட்டருக்குள் பெரும்பாலும் லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடுகிறது. டிஸ்க்கில் உள்ள கோப்புகளை விண்டோஸ் கணினிகளுக்குப் பகிர்வது சம்பா என்ற மென்பொருள். அது பேசும் நெறிமுறையின், அதாவது சாதனங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் விதிமுறையின், பெயர் எஸ்எம்பி. அதன் முதல் பதிப்பு 1980களைச் சேர்ந்தது, பாதுகாப்பில் மிகப் பலவீனமானது. 2017 மே மாதத்தில் உலகெங்கும் கணினிகளை முடக்கிய வான்னாகிரை என்ற, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் கப்பக்கார மென்பொருள், விண்டோஸில் அந்த முதல் பதிப்பைக் கையாளும் பகுதியில் இருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. அதே ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் எஸ்எம்பி முதல் பதிப்பைத் தானாக நிறுவுவதைப் படிப்படியாக நிறுத்தத் தொடங்கியது. உங்கள் பழைய மடிக்கணினியில் அது இன்னும் மிச்சமிருக்கக்கூடும். ஆகவே பழைய ரவுட்டர் மென்பொருளோடும் அது பேசிவிடுகிறது. டிவி பேசுவதோ படங்களையும் காணொளிகளையும் பகிரும் டிஎல்என்ஏ என்ற வேறொரு நெறிமுறை என்பதால், டிவியில் படம் தெரிவதை வைத்து மற்றவையும் சரியாக இருக்கின்றன என்று முடிவு கட்ட முடியாது.

இதற்கு இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் ஆலோசனை, விண்டோஸ் அம்சங்களின் பட்டியலில் எஸ்எம்பி 1.0 என்பதை மீண்டும் இயக்கிக்கொள்ளுங்கள் என்பதாக இருக்கும். அதைச் செய்யாதீர்கள். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் நுழைந்து மென்பொருள் புதுப்பிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். புதுப்பித்தபின் எஸ்எம்பி பதிப்பு 2 அல்லது 3 என்ற தெரிவு பல ரவுட்டர்களில் தென்படும். அது எந்த விதத்திலும் கிடைக்காத ரவுட்டர் என்றால், கோப்புப் பகிர்வுக்கு அதை ஒதுக்கிவிட்டு வைஃபைக்கு மட்டும் வைத்துக்கொள்வதே என் யோசனை.

பதிப்பு சரியாக இருந்தும் திறக்கவில்லை என்றால் காரணம் கடவுச்சொல் இல்லாமையாக இருக்கலாம். பல ரவுட்டர்கள், டிஸ்க்கைச் செருகியவுடன் பயனர்பெயரோ கடவுச்சொல்லோ கேட்காமல் வீட்டு நெட்வொர்க்கில் உள்ள எல்லோருக்கும் அதைத் திறந்துவைத்துவிடுகின்றன. இப்படி விருந்தினராக நுழைவதைப் புதிய விண்டோஸின் சில வகைகள் ஏற்பதில்லை. 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் ப்ரோ வகையும் அதைத் தடுக்கிறது. ரவுட்டரின் யூஎஸ்பி பகிர்வுப் பக்கத்தில் ஒரு பயனர்பெயரும் கடவுச்சொல்லும் உருவாக்கி, விருந்தினர் நுழைவை நிறுத்திவிடுங்கள். இது ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லாகவோ வைஃபை கடவுச்சொல்லாகவோ இருக்க வேண்டாம். பிறகு மடிக்கணினியில் விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் சிறு பெட்டியில் \\192.168.0.1 என்பது போல இரண்டு பின்சாய்கோடுகளையும் ரவுட்டரின் முகவரியையும் இடுங்கள். நெட்வொர்க் பட்டியலில் ரவுட்டரின் பெயர் தெரியவில்லையே என்று கவலைப்படாதீர்கள். அந்தப் பட்டியல் முன்பு எஸ்எம்பி முதல் பதிப்பைச் சார்ந்தே நிரம்பியது. முகவரியை நேராக இட்டால் போதும்.

இனி காணாமல் போகும் டிஸ்க். இதில் மின்சாரமே முதல் குற்றவாளி. யூஎஸ்பி 2.0 துளை ஒன்று தருவதற்குக் கடமைப்பட்டது 500 மில்லிஆம்பியர்தான், யூஎஸ்பி 3.0 துளை 900. கையடக்க ஹார்டு டிஸ்க்கின் தட்டு சுழலத் தொடங்கும் நேரத்தில் இதைவிட அதிகமாக இழுக்கக்கூடும். ரவுட்டரோடு வந்த அடாப்டரின் முதுகில் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தால், மொத்தமே 12 வாட். வைஃபை, இணைப்புகள், டிஸ்க் எல்லாம் அதற்குள் பிழைக்க வேண்டும். மின்சாரம் திரும்பி வந்ததும் ரவுட்டரும் டிஸ்க்கும் ஒரே நொடியில் எழும்பும்போது டிஸ்க்குக்குப் போதிய மின்னோட்டம் கிடைக்காமல், ரவுட்டர் அதைக் கண்டுகொள்ளாமலே விட்டுவிடும். தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் ஒன்றை இடையில் வைப்பது, அல்லது தனி அடாப்டரோடு வரும் பெரிய மேசை டிஸ்க்கைப் பயன்படுத்துவது, இரண்டில் ஒன்று இதைத் தீர்க்கும்.

பெஸ்காம் மின்வெட்டு பெங்களூருவாசிகளுக்குப் புதிதல்ல. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடுவோம். ஆனால் பல இன்வெர்ட்டர்களின் பின்புறத்தில் யூபிஎஸ், ஈகோ என்று இரண்டு நிலைகள் கொண்ட ஒரு சுவிட்ச் இருக்கும். ஈகோ நிலையில் மின்சாரத்தில் இருந்து பேட்டரிக்கு மாறுவது சற்று மெதுவாக நடப்பதால் விளக்கும் விசிறியும் அதைப் பொருட்படுத்தாது, ரவுட்டரோ அணைந்து எழும். யூபிஎஸ் நிலைக்கு மாற்றிப் பாருங்கள். இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் எஸ்.பி. ரோடு கடைகளில் கிடைக்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ்ஸை வாங்கலாம். வோல்ட் ரவுட்டர் அடாப்டரில் உள்ளதுபோலவே இருக்க வேண்டும், ஆம்பியர் அதற்குக் குறையக் கூடாது, செருகியின் அளவையும் முனைவையும் (பிளஸ், மைனஸ் எந்தப் பக்கம் என்பதையும்) அங்கேயே சரிபார்த்துவிடுங்கள்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனால் டிஸ்க்கின் கோப்பு முறைமை (கோப்புகளை அடுக்கிவைக்கும் முறை) குலையலாம் என்பதால், டிஸ்க் எந்த முறைமையில் வடிவமைக்கப்பட்டிருக்கிறது என்பதும் முக்கியம். ஃபேட்32 இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியை எட்ட முடியாது; நீண்ட திருமணக் காணொளி அங்கேயே நின்றுவிடும். எக்ஸ்ஃபேட்டில் அந்தத் தடை இல்லை, ஆனால் செய்யவிருக்கும் மாற்றத்தை முன்கூட்டியே குறித்துவைத்துக்கொள்ளும் பதிவேடு அதில் கிடையாது. என்டிஎஃப்எஸ்ஸில் அது உண்டு. ரவுட்டரின் கையேடு என்டிஎஃப்எஸ்ஸில் எழுதவும் முடியும் என்று சொல்லுமானால் அதையே தேர்ந்தெடுங்கள். மறுவடிவமைத்தால் டிஸ்க்கில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும். முதலில் வேறிடத்தில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கைக் கழற்றும் முன் நிர்வாகப் பக்கத்தில் உள்ள பாதுகாப்பாக அகற்றும் பொத்தானை அழுத்தும் பழக்கமும் வேண்டும்.

மூன்றாவது, மாடியில் இருப்பவர்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. உங்கள் வைஃபையில் இருக்கும் எவருடைய டிவியும் கைப்பேசியும் டிஎல்என்ஏ வழியாக உங்கள் குடும்பப் படங்களைப் பார்க்கலாம். பொதுவாக அந்த நெறிமுறை கடவுச்சொல் கேட்பதில்லை. ரவுட்டரில் விருந்தினர் நெட்வொர்க் என்ற ஒன்றை இயக்கி, உள்வீட்டு நெட்வொர்க்கை அணுக அனுமதிக்கும் தெரிவு அதில் அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, மாடிக்கு அதன் கடவுச்சொல்லைக் கொடுங்கள். உள்வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லை உடனே மாற்றிவிடுங்கள். டிஎல்என்ஏ பகிர்வை முழு டிஸ்க்குக்கும் விடாமல் படங்கள் உள்ள கோப்புறைக்கு மட்டும் விடுங்கள். பத்திர நகல்கள் கடவுச்சொல் உள்ள தனிக் கோப்புறையில் இருக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. ரவுட்டரில் செருகிய டிஸ்க் பகிர்வதற்கு நல்ல வசதி. ஆனால் அது ஒற்றை டிஸ்க், பழுதானால் உள்ளே இருப்பது போயிற்று. கைப்பேசிகளில் இருந்து அழித்துவிட்டு அங்கே மட்டும் வைத்த படங்களுக்கு வேறு நகல் இல்லை. இன்னொரு டிஸ்க்கை வாங்கி மாதம் ஒரு முறையாவது அனைத்தையும் நகலெடுத்து, அதை ரவுட்டரில் இருந்தும் சுவரில் இருந்தும் கழற்றி அலமாரியில் வையுங்கள்.

கேள்வி: ராமமூர்த்தி நகர் வீட்டு ரவுட்டரில் உள்ள டிஸ்க்கைச் சென்னையில் இருக்கும்போதும் திறக்க வேண்டும். எஃப்டிபியை (கோப்புகளை அனுப்பிப் பெறும் நெறிமுறை) இணையத்துக்குத் திறந்துவிடும் தெரிவு ரவுட்டரிலேயே இருக்கிறது. இயக்கலாமா?

(வாசகர், ராமமூர்த்தி நகர்)

பதில்: வேண்டாம். எஃப்டிபியில் கடவுச்சொல் மறைகுறியாக்கம் இல்லாமல் அப்படியே போகும். அதைவிடப் பெரிய ஆபத்துக்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. ஆசுஸ் ரவுட்டர்களில் யூஎஸ்பி டிஸ்க்கை இணையம் வழியாகத் திறக்க உதவிய சேவைகளில் இருந்த குறைகளைப் பயன்படுத்தி, 2014 பிப்ரவரியில் 12,900க்கும் மேற்பட்டோரின் டிஸ்க்குகளுக்குள் ஊடுருவல்காரர்கள் நுழைந்தார்கள். அமைப்பதற்கு உதவும் பக்கமே, உரிமையாளர் கவனிக்காவிட்டால், டிஸ்க்கை இணையத்தில் உள்ள எவருக்கும் திறந்துவைப்பதாக இருந்தது. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் இதன் மீது வழக்குத் தொடுத்து, 2016இல் அந்த நிறுவனத்தோடு சமரச உடன்பாட்டுக்கு வந்தது; அதன்படி 20 ஆண்டுகளுக்கு வெளியார் தணிக்கைக்கு உட்பட நிறுவனம் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

வெளியூரில் இருந்து நுழைய வேண்டுமானால் ரவுட்டரிலேயே உள்ள விபிஎன் (இணையத்தின் ஊடே அமைக்கும் மறைகுறியாக்கிய தனிப்பாதை) சேவையகத்தை இயக்குங்கள். வயர்கார்டு என்ற விபிஎன் வகை இருந்தால் அது எளிது. கைப்பேசி முதலில் விபிஎன் வழியாக வீட்டு நெட்வொர்க்கில் சேரும், பிறகு டிஸ்க் வீட்டில் இருப்பது போலவே திறக்கும். நம் ஊர் இணையச் சேவையில் ஒரு தடை எதிர்ப்படலாம்: பல நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. அப்படியிருந்தால் வெளியில் இருந்து வரும் இணைப்பு உங்கள் ரவுட்டரை எட்டாது. தனிப் பொது முகவரி தர முடியுமா என்று நிறுவனத்திடம் கேளுங்கள்.

கேள்வி: ஃபைபர் நிறுவனம் கொடுத்த பெட்டியிலேயே வைஃபையும் யூஎஸ்பி துளையும் உள்ளன. என் சொந்த ரவுட்டரை அதன் பின்னால் இணைத்து டிஸ்க்கைச் செருகினேன். நிறுவனப் பெட்டியின் வைஃபையில் உள்ள டிவிக்கு டிஸ்க் தெரியவில்லை. டிஸ்க்கை அந்தப் பெட்டிக்கே மாற்றிவிடலாமா?

(வாசகர், கே.ஆர். புரம்)

பதில்: உங்கள் வீட்டில் இப்போது இரண்டு நெட்வொர்க்குகள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கின்றன, முன்னதில் உள்ள டிவிக்குப் பின்னதில் உள்ள டிஸ்க் தெரியாது. நிறுவனப் பெட்டியின் வைஃபையை அணைத்துவிட்டு டிவி உட்பட எல்லாவற்றையும் உங்கள் ரவுட்டரிலேயே சேர்ப்பது சுலபமான வழி. அல்லது உங்கள் ரவுட்டரை அக்சஸ் பாயிண்ட் நிலைக்கு, அதாவது தனி நெட்வொர்க் உருவாக்காமல் வைஃபையை மட்டும் தரும் நிலைக்கு மாற்றலாம்; அப்போது அதற்கு முகவரி கொடுப்பது நிறுவனப் பெட்டியாக இருக்கும் என்பதால், அங்கே அந்த முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவையுங்கள், இல்லாவிட்டால் கணினிகள் டிஸ்க்கைத் தேடிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் யூஎஸ்பி பகிர்வு சில ரவுட்டர்களில் நின்றுவிடும் என்பதையும் முன்பே சோதித்துக்கொள்ளுங்கள்.

நிறுவனப் பெட்டியில் டிஸ்க்கைச் செருகுவதை நான் விரும்பமாட்டேன். அத்தகைய பெட்டிகளின் அமைப்புகளை நிறுவனம் தொலைவில் இருந்தே மாற்ற முடியும். பழுதானால் பெட்டியையே மாற்றிக்கொடுப்பார்கள், நீங்கள் அமைத்த பயனர்பெயர்களும் கோப்புறை உரிமைகளும் அதோடு போய்விடும்.

கேள்வி: யூஎஸ்பி 3.0 டிஸ்க்கைச் செருகிய நாளில் இருந்து வைஃபை மந்தமாகிவிட்டது. கற்பனையா?

(வாசகி, எலக்ட்ரானிக் சிட்டி)

பதில்: கற்பனையல்ல. யூஎஸ்பி 3.0 இணைப்பு வெளியிடும் வானொலி இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுகிறது என்பதை இன்டெல் 2012இல் வெளியிட்ட ஓர் அறிக்கையிலேயே விளக்கியிருக்கிறது. டிஸ்க்கை ரவுட்டரின் ஆன்டெனா அருகில் வைக்காமல், நல்ல உறையிட்ட ஒரு குட்டையான கேபிள் வழியாகத் தள்ளி வையுங்கள். கைப்பேசி, மடிக்கணினி ஆகியவற்றை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டால் அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. விளக்கு, கேமரா போன்று 2.4இல் மட்டும் இயங்கும் சாதனங்கள் உங்களிடம் இருந்தால், ரவுட்டரில் யூஎஸ்பியை 2.0 வேகத்துக்குக் குறைக்கும் தெரிவைப் பயன்படுத்துங்கள். உங்கள் ரவுட்டரில் நெட்வொர்க் கேபிளைச் செருகும் லேன் துளைகள் 100 மெகாபிட் வகை என்றால், கேபிளில் இணைத்த கணினிக்கு எப்படியும் நொடிக்கு ஏறத்தாழ 11 மெகாபைட்டுக்கு மேல் வரப்போவதில்லை. 4 ஜிபி படம் ஒன்றை நகலெடுக்க ஆறு நிமிடம். ஆகவே யூஎஸ்பி 2.0க்கு இறங்குவதால் அந்தக் கணினியில் நீங்கள் இழப்பது ஒன்றுமில்லை.