கடலுக்குப் போனவரும் கதைப் புத்தகமும்

கேள்வி: எனக்கு வயது 24. பழைய வண்ணாரப்பேட்டையில் வசிக்கிறேன். எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடும் வேலை. காசிமேட்டில் விசைப்படகில் தொழிலுக்குச் செல்லும் ஒருவரை இரண்டு ஆண்டுகளாகக் காதலிக்கிறேன். கடலுக்குப் போனால் திரும்பி வரப் பத்துப் பன்னிரண்டு நாட்கள் ஆகும். பள்ளி நாள் முதல் இரவில் காதல் நாவல் படிக்காமல் நான் தூங்கியதில்லை. அந்தக் கதைகளில் வரும் பெண்கள் காதலன் இல்லாத நாட்களில் சோறு தண்ணீர் இல்லாமல் உருகுகிறார்கள். நானோ அவர் கடலில் இருக்கும்போது கடையில் சிரித்துப் பேசுகிறேன், மதியம் வயிறாரச் சாப்பிடுகிறேன், இரவில்தான் மனம் கனக்கிறது. அவர் கரைக்கு வந்ததும் சண்டை போடுகிறேன். என் காதல் அவ்வளவு ஆழமில்லாததா? காதலை எழுதுகிறவர்கள் ஏன் இன்பத்தைவிடத் துன்பத்தையே அதிகம் எழுதுகிறார்கள்? கடையில் உடன் வேலை செய்யும் தோழி, நாவல் படித்தே நான் கெட்டுப்போனேன் என்கிறாள். அவர் தம் வீட்டில் பேசுவதாக ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், அது வேறு விஷயம். தயவுசெய்து என் பெயரைப் போட வேண்டாம்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டதற்காக நீங்கள் தயங்க வேண்டியதில்லை. அன்பின் ஐந்திணையைப் பாடும்போது எந்த ஒருவர் பெயரையும் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. தலைவன், தலைவி, தோழி, செவிலி (வளர்ப்புத் தாய்) என்ற பொதுச்சொற்களுக்குள் நின்றே அந்தப் பாடல்கள் பேசின. அதனால்தான் இத்தனை நூற்றாண்டுகள் கழித்துப் படிக்கும் ஒரு பெண், அந்தத் தலைவி தான்தானோ என்று திடுக்கிட முடிகிறது.

எழுதுகிறவர்கள் ஏன் துன்பத்தையே அதிகம் எழுதுகிறார்கள் என்ற உங்கள் ஐயம் மிகச் சரியானது. நீங்கள் படிக்கும் நாவல்களுக்கு மட்டும் உரிய குறையும் அன்று. நம் முன்னோர் காதலை ஐந்து நிலத்துக்குப் பகிர்ந்து கொடுத்தபோது, கூடி மகிழும் இன்பத்துக்கென்று குறிஞ்சி ஒன்றைத்தான் ஒதுக்கினார்கள். முல்லைக்குக் காத்திருத்தல், மருதத்துக்கு ஊடல், பாலைக்குப் பிரிவு, நெய்தலுக்கு இரங்கல் என்று மற்ற நான்கும் ஏதோ ஒரு வகையில் இல்லாமையைப் பற்றியவை. திருக்குறளின் காமத்துப்பாலில் உள்ள 25 அதிகாரங்களில் மணத்துக்கு முந்திய மறைவான காதலைச் சொல்லும் களவியலுக்கு 7, மணத்துக்குப் பிந்திய காதலைச் சொல்லும் கற்பியலுக்கு 18. அந்தப் பதினெட்டும் பிரிவாற்றாமையில்தான் தொடங்குகின்றன.

இதற்குக் காரணம் புலவர்கள் துயரத்தை விரும்பினார்கள் என்பதல்ல என்று நான் நினைக்கிறேன். அருகில் அமர்ந்து கைகோத்திருப்பவர்களுக்குச் சொல் தேவைப்படுவதில்லை. ஒருவர் எழுந்து போன பிறகுதான், போனவரிடம் சொல்ல முடியாததை நெஞ்சிடமும், தோழியிடமும், கரையில் நிற்கும் நாரையிடமும் சொல்ல வேண்டி வருகிறது. காதலைப் பாடும் அகப்பாட்டு என்பதே யாரோ ஒருவர் இன்னொருவரிடம் சொல்லும் கூற்று. இன்பம் வாழப்படுகிறது, துன்பம் சொல்லப்படுகிறது. சொல்லப்பட்டதுதான் ஏட்டில் ஏறி நம் கைக்கு வந்து சேர்ந்தது. வாழப்பட்ட இன்பம் துன்பத்தைவிடக் குறைவாக இருந்தது என்று அதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது.

நீங்கள் காதலிப்பவரின் நிலமும் நெய்தலாகவே அமைந்துவிட்டது. குறுந்தொகையின் ஆறாம் பாட்டில், பதுமனார் பாடிய நெய்தல் தலைவி ஒருத்தி, நள்ளிரவில் பேச்சொலி அடங்கி எல்லோரும் இனிதாக உறங்கிவிட்டார்கள், இந்த அகன்ற உலகமே உறங்குகிறது, 'ஓர்யான் மன்ற துஞ்சாதேனே' என்று சொல்கிறாள். 'இரவில்தான் மனம் கனக்கிறது' என்று நீங்கள் எழுதியிருக்கும் வரிக்கும் அந்த வரிக்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. பகலில் அவள் என்ன செய்தாள் என்று பாட்டு சொல்லவில்லை. மீன் காயப்போட்டிருக்கலாம், தோழியரோடு சிரித்திருக்கலாம், உங்களைப் போலவே வயிறாரச் சாப்பிட்டும் இருக்கலாம். நான்கே அடிப் பாட்டில் பகல் பொழுதுக்கு இடமில்லை. குறுந்தொகைப் பாட்டுகள் பெரும்பாலும் எட்டு அடிக்குள் முடிந்துவிடுகிறவை. ஒரு கணத்தை மட்டும் எடுத்து விளக்கின் கீழ் வைப்பது அவற்றின் வேலை. நாவலாசிரியரும் அதையேதான் முந்நூறு பக்கத்துக்குச் செய்கிறார். பில் போடும் நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் வெட்டிவிட்டு, கனத்த இரவுகளை மட்டும் அடுத்தடுத்துத் தைத்துக் கொடுக்கிறார். தைத்த துணியை உங்கள் முழு நாளோடு வைத்து அளந்தால் நாள்தான் சாயம் போனதாகத் தெரியும். ஆகவே கடையில் சிரித்ததற்காகக் குற்ற உணர்வு கொள்ளாதீர்கள்.

இன்பத்தை எழுதிய பாட்டு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம் உண்டு. குறுந்தொகை 167, கூடலூர் கிழார் பாடியது. புதிதாக மணமான பெண் கட்டித் தயிரைக் காந்தள் மலர் போன்ற மெல்விரலால் பிசைகிறாள். அந்த விரலைத் துடைத்த சேலையைத் துவைக்காமலே உடுத்திக்கொள்கிறாள். தாளிப்புப் புகை மை தீட்டிய கண்ணில் ஏறுகிறது. தானே துழாவிச் சமைத்த அந்தப் புளிக்குழம்பைக் கணவன் 'இனிது' என்று சொல்லி உண்ணுகிறான். அவள் முகம் 'நுண்ணிதின் மகிழ்ந்தன்று'. அவள் ஆடவில்லை, பாடவில்லை. உற்றுப் பார்ப்பவர் கண்ணுக்கு மட்டுமே தெரியும் அளவுக்கு முகம் மலர்ந்தது. அதைப் பார்த்தவள், மகளின் இல்லறத்தைக் கண்டுவந்து தாயிடம் சொல்லும் செவிலி. காதலின் இன்பத்தைப் பற்றி இதைவிட உண்மையாக எழுதப்பட்ட வேறொன்றை நான் இதுவரை படித்ததில்லை. அவர் கரைக்கு வந்த நாளில், சண்டைக்கு முன்போ பின்போ, உங்கள் முகமும் அப்படி ஒருமுறை மலர்ந்திருக்கும். நாவலில் வரும் இன்பம் வெள்ளம்போல் வருவதால், இந்த நுண்ணிய மகிழ்ச்சியை நீங்கள் கணக்கில் சேர்க்காமல் விட்டிருக்கிறீர்கள்.

சண்டையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'உப்பமைந் தற்றால் புலவி' என்று வள்ளுவர் சொல்லிவிட்டார்; உணவுக்கு உப்புப்போல அது வேண்டும், ஆனால் அதைச் சிறிது நீளவிட்டாலும் உப்பு மிகுந்துவிடும் என்பது அந்தக் குறள். பன்னிரண்டு நாள் காத்திருந்தவள் சிறிது நேரம் கோபப்படுவதில் தவறொன்றுமில்லை. மறுபடி படகேறும் வரை அதை நீட்டாமல் இருந்தால் போதும்.

நாவல் படித்துக் கெட்டுப்போனதாகத் தோழி சொல்வதை நான் முழுமையாக ஏற்கவில்லை. படித்ததால்தான் உங்கள் மனக்கனத்துக்குப் பெயர் வைக்கத் தெரிகிறது. ஆனால் ஒன்றில் அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கதைகள் துன்பத்தை அழகாக்கிவிடுகின்றன. அழகாகிவிட்டதால், எந்தத் துன்பத்தைப் பொறுக்க வேண்டும், எந்தத் துன்பத்தைப் பொறுக்கக் கூடாது என்ற கேள்வியே நமக்கு எழாமல் போகிறது. கடல் பிரித்து வைக்கும் பன்னிரண்டு நாள் ஒரு துன்பம். அது தொழிலின் இயல்பு, அவர் குற்றமில்லை. ஒரு முடிவும் சொல்லாமல் ஒருவர் வைத்திருக்கும் பன்னிரண்டு மாதம் வேறொரு துன்பம். இரவில் புத்தகத்தின்மேல் விழும் கண்ணீரில் இவ்விரண்டும் கலந்துவிடுகின்றன. 'அது வேறு விஷயம்' என்று எழுதி நீங்கள் தள்ளி வைத்தீர்களே, சகோதரி, உங்கள் கடிதத்தின் விஷயமே அதுதான் என்று எனக்குப் படுகிறது.

'செல்லாமை உண்டேல் எனக்குரை மற்றுநின் வல்வரவு வாழ்வார்க் குரை' என்ற குறளை நினைத்துப் பாருங்கள். போகவில்லை என்றால் என்னிடம் சொல், விரைவில் வருவேன் என்ற பேச்சை நீ வரும்வரை உயிரோடு இருக்கப்போகிறவர்களிடம் சொல் என்கிறாள். உருகுகிறவள்தான், ஆனாலும் பேச வேண்டியதை நேருக்கு நேர் பேசுகிறாள். நீங்கள் ஏன் கேட்கவில்லை என்பதற்கும் வள்ளுவரிடமே விளக்கம் இருக்கிறது. மை தீட்டும்போது அந்தக் கோலைக் கண் காண்பதில்லை, அதுபோல அவரைக் கண்ட இடத்தில் அவர் குற்றம் எனக்குத் தெரிவதில்லை என்று ஒருத்தி சொல்கிறாள். அவர் கரைக்கு வந்ததும் உங்களுக்கும் இதுதான் நடக்கிறது. வந்து சேர்ந்ததும் ஏன் போன் செய்யவில்லை என்று சின்ன விஷயத்துக்குச் சண்டை போடுகிறீர்கள், பெரிய விஷயம் வாய்க்கு வராமலே போகிறது.

நான் குடியிருக்கும் திருவொற்றியூரில் இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. பெரியபுராணம் சொல்லும் சங்கிலியார், தம்மை மணக்க வந்த சுந்தரர் தம்மைப் பிரியமாட்டேன் என்று சபதம் செய்ய வேண்டும் என்று கேட்டார். கருவறை முன் சத்தியம் செய்துவிட்டுத் தப்பிக்கலாம் என்று சுந்தரர் எண்ணி, அந்த நேரத்தில் மகிழ மரத்தடியில் போய் இருக்கும்படி இறைவனிடமே வேண்டிக்கொண்டார். இறைவனோ அதைச் சங்கிலியாருக்குத் தெரிவித்துவிட, அவர் மகிழடியிலேயே சத்தியம் செய்யச் சொல்லிப் பெற்றுக்கொண்டார். வசந்த காலத்தில் திருவாரூர் நினைவு வந்து சுந்தரர் புறப்பட்டதும், எல்லை கடந்த இடத்திலேயே அவருடைய இரு கண்களும் ஒளி இழந்தன. நாயன்மாரே ஆனாலும் கொடுத்த வாக்குக்குக் கணக்கு உண்டு என்று சேக்கிழார் எழுதியதைப் படிக்கும்போதெல்லாம், அந்தச் சொல்லைத் தயங்காமல் கேட்டு வாங்கிய பெண்ணைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன்.

காசிமேட்டு மீனவர் வீடு என்றால் உங்கள் வீட்டார் என்ன சொல்வார்களோ என்ற அச்சமும் உங்களுக்கு இருக்கக்கூடும். நீங்கள் எழுதவில்லை, நானாக ஊகிக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் தமிழாசிரியையாக இருந்தபோது நற்றிணையின் 45ஆம் பாட்டை நடத்தினேன். இவளோ கடலில் மீன் பிடிக்கும் பரதவர் மகள், நீயோ கொடி பறக்கும் கடைத்தெரு உள்ள ஊரில் தேரேறும் செல்வர் மகன், நாங்கள் புலால் நாறுகிறோம், எட்டி நில் என்று தோழி தலைவனிடம் சொல்லும் பாட்டு. 'புலவு நாறுதும்' என்ற இடத்தில் வகுப்பு சிரித்தது. தாயார் மீன் விற்கும் ஒரு மாணவி தலையைக் குனிந்துகொண்டாள். எங்கள் இந்தச் சிறிய நல்ல வாழ்க்கை உன்னுடையதோடு ஒப்பிடத்தக்கதல்ல, ஆனால் எங்களிலும் உன்னைப் போன்ற செம்மல் உண்டு என்று பாட்டு முடிந்தபோது அவள் நிமிர்ந்து பார்த்தாள். உங்கள் வீட்டில் பேச்சு எழும் நாளில் அந்தக் கடைசி அடி உங்களுக்குத் துணை நிற்கட்டும்.

அந்தப் பாட்டில் பேசுகிறவள் தோழி என்பதையும் கவனியுங்கள். நீங்கள் படிக்கும் நாவல்களில் கதாநாயகி தலையணையில் முகம் புதைத்துத் தனியே அழுகிறாள். சங்கப் பாட்டின் தலைவி தனியாக விடப்படுவதில்லை. திருமணத்தைத் தள்ளிப்போடும் தலைவனிடம் தோழி போய் நெருக்கிக் கேட்பாள். அதற்கு வரைவு கடாதல் என்று பெயர். தோழி செவிலிக்கும், செவிலி தாய்க்கும், தாய் தந்தைக்கும் உண்மையை எடுத்துச் சொல்வதற்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர். காதலை வீட்டில் சொல்வதற்கு 'அறம்' என்ற சொல்லையே கொடுத்தவர்கள் நம் முன்னோர். நாவல் படித்துக் கெட்டுப்போனாய் என்று உரிமையோடு கண்டிக்கும் ஒருத்தி உங்கள் பக்கத்து இருக்கையிலேயே இருக்கிறாள். புத்தகத்தைப் பற்றிப் பேசுவதை ஒரு நாள் நிறுத்திவிட்டு, இந்த ஒரு வருடக் காத்திருப்பை அவளிடம் முழுவதுமாகச் சொல்லுங்கள். பிறகு அவளோடு சேர்ந்து, உங்கள் வீட்டில் யார் காதில் முதலில் போட்டால் பேச்சு முறியாது என்று யோசியுங்கள். அத்தையோ, அக்காவோ, யாரோ ஒரு செவிலி எல்லா வீட்டிலும் இருப்பார்.

அவரிடம் கேட்பதற்கும் ஒரு பொழுது இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. கடலைக் காரணம் சொல்ல முடியாத நாட்கள் அவை. அதற்கு முன் அவர் கரைக்கு வரும் ஏதாவது ஒரு நாளில், சண்டை ஓய்ந்த பிறகு, அந்த 61 நாளுக்குள் தம் பெற்றோரை எந்தத் தேதியில் உங்கள் வீட்டுக்கு அழைத்து வருவார் என்று கேளுங்கள். தேதி சொன்னால் எனக்கு எழுதுங்கள். சொல்லாவிட்டாலும் எழுதுங்கள்.