கண்மாய்ப் புத்தகம் அச்சேறிய கதை: கேட்டவர்களுக்குப் பதில்கள்

சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களை, அதாவது பாசன ஏரிகளைப் பற்றி நான் எழுதிய புத்தகம் போன ஜனவரியில் வந்தது. எழுத மூன்று வருடம், அச்சேற இன்னும் ஒன்றரை வருடம். எல்லாரும் அந்த ஒன்றரை வருடத்தைப் பற்றித்தான் கேட்கிறீர்கள்.

சார், முழுசாக எழுதி முடித்த பிறகுதான் பதிப்பகத்துக்கு அனுப்ப வேண்டுமா?

நாவல் என்றால் ஆமாம். என்னுடையது அபுனைவு, அதாவது கதையல்லாத புத்தகம். அதனால் நான் இரண்டு அத்தியாயமும் ஒரு பக்கப் பொருளடக்கமும்தான் அனுப்பினேன், மூன்று இடங்களுக்கு. ஓர் இடத்தில் பதிலே இல்லை. இன்னோர் இடத்தில் 40,000 ரூபாய் கட்டினால் போடுகிறோம் என்றார்கள். மூன்றாவது இடத்து ஆசிரியர் போனில் கேட்ட முதல் கேள்வி, "இதை யார் வாங்குவார்கள்?" பொறியாளர்கள் என்றேன். சிரித்துவிட்டு, மடை திறக்கிறவருக்குப் புரிகிற மாதிரி எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னது சரி.

காசு கட்டிப் போடுவது தப்பா?

தப்பில்லை, ஆனால் அதற்குப் பெயர் அச்சுக்கூலி. 100 பிரதி போதும் என்றால் கேட்கிற அளவுக்கு மட்டும் அச்சிடுகிற பிரின்ட் ஆன் டிமாண்ட் அச்சகத்துக்கு நேராகவே போகலாம். ஐஎஸ்பிஎன் (புத்தகத்தின் அடையாள எண்) வாங்கித் தருகிறோம் என்று யாராவது தனியாகப் பணம் கேட்டால் உஷார். ராஜா ராம்மோகன் ராய் பெயரில் உள்ள தேசிய முகமை அந்த எண்ணை இலவசமாகத் தருகிறது, ஆன்லைனில் நாமே விண்ணப்பிக்கலாம்.

அண்ணா, ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

தம்பி, முதலில் ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறதா என்று பார். நம் ஊரில் பாதி வாய்வார்த்தைதான். எத்தனை வருடத்துக்கு உரிமை கொடுக்கிறாய் என்று எழுதாமல் விட்டால், பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி 5 வருடம் என்று கணக்கு. ஆனால் 'பதிப்புரிமைக் காலம் முழுவதும்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்றால் அந்த 5 வருடம் உனக்கு உதவாது. மின்நூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு மூன்றையும் தனித்தனியாகப் பேசு. எனக்கு ராயல்டி 10 சதவீதம், விலை 350, அச்சிட்டது 500. அத்தனையும் விற்றால் 17,500 ரூபாய். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போய்வந்த ரயில் செலவே அதைத் தாண்டும்.

பழைய புகைப்படங்களுக்கு அனுமதி வாங்கினீர்களா?

வெளியான புகைப்படத்துக்கு, அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம் உரிமை உண்டு. அதைத் தாண்டியவற்றை எடுத்துக்கொண்டேன். வீட்டு ஆல்பத்துப் படங்களுக்கு எழுதி வாங்கினேன். இவ்வளவு செய்தும், கடைசி நேரத்தில் இரண்டு படங்களின் குறிப்பு இடம் மாறி, மடைப் படத்துக்குக் கீழே கலுங்கு என்று அச்சாகிவிட்டது. புத்தகம் வந்த மூன்றாம் நாள் ஊர்ப் பெரியவர் ஒருவர் போன் போட்டு, "தண்ணி திறக்கிறதுக்கும் மிஞ்சுனது வழியிறதுக்கும் வித்தியாசம் தெரியாமயா தம்பி எழுதின?" என்றார். புரூஃப் பார்த்தது நான்தான், என்ன சொல்ல முடியும்.

சொல்லடைவு யார் செய்தது?

நானே. எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று காட்டும் பட்டியல்தான் சொல்லடைவு. தமிழில் அபுனைவுக்குச் சொல்லடைவு இல்லாமல் விடுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். ஒரு கண்மாயின் பெயரைத் தேட 280 பக்கத்தையும் யார் புரட்டுவார்கள்? ஆனால் ஒன்று, பக்கம் இறுதியான பிறகே இந்த வேலையில் கை வைக்க வேண்டும். நான் அவசரப்பட்டு முன்னாலேயே செய்தேன். அப்புறம் வடிவமைப்பாளர் எழுத்தின் அளவை அரைப் புள்ளி குறைத்தார், 600 பதிவுகளின் எண்ணும் நகர்ந்துவிட்டது. மறுபடி பன்னிரண்டு ராத்திரி. அதே ஊர் இரண்டு விதமாக எழுதப்பட்டிருந்தது, ஒரே கண்மாய்க்கு இரண்டு பரப்பளவு கொடுத்திருந்தது எல்லாம் அப்போதுதான் கண்ணில் பட்டது. எடிட்டரும் விட்ட பிழைகள் அவை.

சென்னைப் புத்தகக் காட்சிக்குள் கொண்டுவந்தே ஆக வேண்டுமா?

பதிப்பகங்கள் அப்படித்தான் துடிக்கின்றன. என் படக்குறிப்பு மாறியதும் அந்த டிசம்பர் அவசரத்தில்தான். நீங்கள் பிப்ரவரி கேளுங்கள்.

எத்தனை விற்றது என்று கேட்கலாமா?

முந்நூற்றுச் சொச்சம். அதில் 60 பிரதியை நானே கழிவு விலையில் வாங்கி, பாசனக்காரர்கள் கூட்டத்துக்குக் கொண்டுபோய் விற்றேன். போன் போட்ட பெரியவர் இரண்டு வாங்கினார், படக்குறிப்பைப் பேனாவால் திருத்திக் கொடுக்கச் சொல்லி.