வாசகர் கேள்வி–பதில்: மழைக்காலத்தில் கொரியச் சூப்பும் குழம்பும்

பேராவில் ஆண்டு இறுதி மழை பிடித்துக்கொண்டால் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மாலை நான்கு மணிக்கே விளக்குப் போட வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் சூடாக எதையாவது குடிக்கத் தோன்றுவது இயல்புதான். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கொரியச் சூப்புகளைப் பற்றியே கேட்கின்றன. ஒரே கேள்வியைப் பலர் எழுதியிருந்தால் ஒன்றாகச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறேன்.

கேள்வி: வணக்கம் அம்மா. கொரியத் தொடர்களைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் கேட்டதால், சோயா விழுது வாங்கிக் குழம்பு வைத்தேன். கடுகு, கறிவேப்பிலை தாளித்து, மணத்துக்காகக் கொஞ்சம் கறித்தூளும் சேர்த்தேன். நம் குழம்பாகவும் இல்லை, கொரியக் குழம்பாகவும் இல்லை. எங்கே தவறு?
— தோட்டக் குடியிருப்பு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: கறித்தூளை எடுத்த இடத்தில்தான் தவறு, சகோதரி. நாம் எண்ணெயில் மணத்தை எழுப்பி, அதன்மேல் குழம்பைக் கட்டுகிறோம். கொரியர்களோ நீரில் சாறு இறக்கி, அதில் மாதக்கணக்கில் நொதித்த விழுதைக் கரைக்கிறார்கள். அந்த விழுதின் பெயர் தொயென்ஜாங். வேகவைத்த சோயா மொச்சையை இடித்து, மேஜு எனப்படும் கட்டிகளாகப் பிடித்து உலர்த்தி, நுண்ணுயிர்கள் படியவிட்டு, பிறகு உப்பு நீரில் ஊறவைக்கிறார்கள். ஊறியபின் வடித்தெடுக்கும் நீர் சூப்புக்கான சோயா சாறாகவும், தங்கும் சக்கை தொயென்ஜாங்காகவும் மேலும் முதிர விடப்படுகின்றன. இவ்வாறு விழுதும் சாறும் தயாரிக்கும் வழக்கத்தை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இத்தனை பொறுமையில் விளைந்த ஒன்றின்மேல் ஒரு கரண்டி கறித்தூளைத் தூவினால், அது வாய் திறக்காமலே போய்விடும்.

சாறு எடுப்பதற்கு நம் பசாரில் கிடைக்கும் பெரிய நெத்திலிக் கருவாடே போதுமானது. பதினைந்து இருபது நெத்திலிகளை எடுத்து, தலையைக் கிள்ளி, வயிற்றை இரண்டாகப் பிளந்து, உள்ளே கறுப்பாக ஒட்டியிருக்கும் குடலை நகத்தால் நீக்கிவிடுங்கள். கசப்பு வருவது அதிலிருந்துதான். வெறும் சட்டியில் எண்ணெயில்லாமல் ஒரு நிமிடம் வறுத்து, ஒரு லிட்டர் நீரும், சீனர் மளிகைக் கடையில் உலர்ந்த தட்டையாகக் கிடைக்கும் கடற்பாசியில் உள்ளங்கை அளவுத் துண்டு ஒன்றும் சேர்த்து அடுப்பில் வையுங்கள். நீர் கொதிக்கத் தொடங்கியதும் பாசியை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் சாறு வழவழப்பாகிவிடும். நெத்திலியை மேலும் பத்து நிமிடம் மிதமான தீயில் விட்டு வடிகட்டுங்கள்.

இதில் பாதிச் சாற்றையும், அரிசியை இரண்டாம் முறை களைந்த நீரில் ஒரு கிண்ணத்தையும் கலந்து, இரண்டு மேசைக்கரண்டித் தொயென்ஜாங்கைச் சிறு வடிகட்டியில் வைத்துக் கரண்டியின் பின்புறத்தால் தேய்த்துக் கரையுங்கள். உருளைக்கிழங்கு முக்கால் பதம் வெந்தபின் வெங்காயமும் காளானும், கடைசி ஐந்து நிமிடத்தில் டோஃபுவும் இரண்டாகக் கீறிய பச்சை மிளகாயும் போதும். விழுதிலேயே உப்பு நிறைய இருப்பதால், ருசி பார்க்காமல் உப்புப் போடக் கூடாது. அன்று மட்டும் மசாலா டப்பாவை மூடியே வைத்திருங்கள். அடுத்த நாள் கோழிக்கறிக்கு அது எப்படியும் தேவைப்படும்.

கேள்வி: கொரிய மிளகாய்த் தூளுக்குப் பதிலாக நம் மிளகாய்த் தூளையும், தொயென்ஜாங்குக்குப் பதிலாகச் சீனச் சோயா விழுதான தவுச்சோவையும் பயன்படுத்தலாமா? எங்கள் பட்டணத்தில் கொரியப் பொருள்கள் எளிதில் கிடைப்பதில்லை.
— வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: மிளகாயைப் பொறுத்தவரை ஓரளவு சமாளிக்கலாம். கொரியர்களின் கொச்சுகாரு, விதை பெரும்பாலும் நீக்கப்பட்டு, கொரகொரப்பாக இடிக்கப்பட்ட தூள். நிறம் அதிகமாகவும் காரம் மட்டாகவும் இருக்கும். நம் தூளை அதே அளவில் கொட்டினால் கண்ணீர்தான் மிஞ்சும். காஷ்மீர் மிளகாயை விதை நீக்கி, மிக்சியில் ஓரிரு சுற்று மட்டும் ஓடவிட்டால் நெருங்கி வரும். மிளகாய் கொரியாவுக்குப் பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியை ஒட்டித்தான் போய்ச் சேர்ந்தது என்று பொதுவாகக் கருதப்படுகிறது. நமக்கும் அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக வந்த விருந்தாளிதானே. ஆகவே இந்தப் பண்டத்தில் இரு தரப்பாரும் பெரிதாகப் பழமை பேசிக்கொள்ள முடியாது.

தவுச்சோவுக்கு என் வாக்கு இல்லை. அதுவும் சோயாதான் என்றாலும் சுவை வேறு. குழம்பு சீனச் சமையலின் பக்கம் சாய்ந்துவிடும். ஈப்போவுக்குப் போகிறவர்களிடம் சொல்லி ஒரு டப்பா தொயென்ஜாங் வாங்கி வரச் செய்யுங்கள். குளிர்பெட்டியில் பல மாதங்கள் இருக்கும்.

கேள்வி: மிளகாய் சேர்த்து நொதிக்கவைக்கும் கொரியக் கோஸ் ஊறுகாயான கிம்ச்சி ஒரு போத்தல் வாங்கினேன். இரண்டு வாரத்தில் புளித்து, மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று வருகிறது. கெட்டுவிட்டதா? அதில் குழம்பு வைக்கப் பன்றி இறைச்சி கட்டாயமா?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: கெடவில்லை, இப்போதுதான் குழம்புக்குத் தயாராகியிருக்கிறது. மேலே பூஞ்சை படர்ந்திருந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். காற்றும் புளிப்பும் மட்டுமென்றால் அது நொதித்தலின் வேலை. கொரியாவில் குளிர்காலம் முழுவதற்குமான கிம்ச்சியைக் குடும்பமாகக் கூடிப் போட்டு, பெரிய மண்சாடிகளில் நிரப்பி நிலத்தில் புதைத்து வைத்தார்கள். இன்று அதற்கென்றே தனிக் குளிர்பெட்டிகள் இருக்கின்றன. நம் வெப்பத்தில் சமையலறை மேடையில் ஒரு நாள் இருந்தாலே புளிக்க ஆரம்பித்துவிடும். புதுக் கிம்ச்சியில் குழம்பு வைத்தால் வெறும் கோஸ் குழம்பாகத்தான் இருக்கும் என்பதால், உங்கள் போத்தலை ஒரு பேறாகவே எண்ணுங்கள்.

பன்றி இறைச்சி கட்டாயமில்லை. டின் டூனாவைப் போட்டுச் செய்வது கொரியர்களே வீட்டில் செய்கிற முறைதான். இரண்டு கிண்ணம் கிம்ச்சியை நறுக்கி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் கோஸின் வெள்ளைத் தண்டு கண்ணாடிபோல் ஆகும்வரை வதக்குங்கள். இந்த வதக்கலைச் சுருக்கினால் புளிப்பு தனியாகவும் நீர் தனியாகவும் நிற்கும். பிறகு போத்தலில் தங்கிய சிவப்புச் சாற்றில் அரைக் கிண்ணமும், மேலே சொன்ன நெத்திலிச் சாற்றில் மூன்று கிண்ணமும் ஊற்றி இருபது நிமிடம் கொதிக்கவிட்டு, டூனாவையும் டோஃபுவையும் சேர்த்து, வெங்காயத்தாள் தூவி இறக்குங்கள். புளிப்பு மிஞ்சினால் அரைத் தேக்கரண்டிச் சீனி போதும். தேங்காய்ப்பால் சேர்க்கலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம்.

கேள்வி: புரட்டாசியிலும் தைப்பூச விரதத்திலும் நாங்கள் சைவம். கிம்ச்சியும் டோஃபுவும் சைவந்தானே?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: டோஃபு சைவம். கிம்ச்சியை அப்படி நம்பிவிடாதீர்கள். வழக்கமான கிம்ச்சியில் உப்பிட்ட இறாலோ மீன் சாறோ, பல சமயம் இரண்டுமோ சேர்ந்திருக்கும். போத்தலின் பின்புறத்தைப் படித்து, சைவம் என்று குறிப்பிட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள். சாற்றுக்கு நெத்திலியை விட்டுவிட்டு, உலர்ந்த ஷீடாக்கே காளானும் கடற்பாசியும் ஒரு துண்டு வெள்ளை முள்ளங்கியும் போடுங்கள். கொரியப் புத்த விகாரைகளில் சாறு இப்படித்தான் இறக்குகிறார்கள். அங்கே பூண்டு, வெங்காயம், வெங்காயத்தாள் வகைகளையும் சேர்ப்பதில்லை என்பதால், விரத நாளில் பூண்டு வெங்காயம் தவிர்ப்பவர்களுக்கு அந்தச் சமையல் அப்படியே பொருந்தும்.

கேள்வி: கொரியாவில் பிள்ளை பெற்றவளுக்குக் கடற்பாசிச் சூப் கொடுப்பார்களாமே? என் மருமகள் பிரசவித்து மூன்று வாரமாகிறது. பத்தியத்தோடு சேர்த்துக் கொடுக்கலாமா?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: கொடுப்பது உண்மைதான். மியோக் எனப்படும் மெல்லிய பாசியை ஊறவைத்து, நல்லெண்ணெயில் பிரட்டி, மாட்டிறைச்சியோ சிப்பியோ சேர்த்துக் கொதிக்கவைக்கும் சூப் அது. பிறந்தநாளிலும் அதையே சாப்பிடுகிறார்கள். ஆனால் பாசியில் அயோடின் மிக அதிகம். தாய் நாள்தோறும் குடித்தால் அது தாய்ப்பால் வழியாகக் குழந்தையின் தைராய்டைப் பாதிக்க வாய்ப்புண்டு. மருமகளுக்குத் தைராய்டுக் கோளாறு இருந்தால் தொடவே வேண்டாம். இல்லையென்றாலும் கிளினிக்கில் மருத்துவரைக் கேட்டபின் எப்போதாவது ஒரு சிறு கிண்ணம் கொடுங்கள். நம் பூண்டு மிளகுக் குழம்பு அவருக்கு எந்தக் குறையும் வைக்காது. உங்களுக்காகச் செய்வதானால், ஒரு சிட்டிகை போலத் தெரியும் பாசி ஊறியதும் கிண்ணத்தை நிறைத்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: முழுக்கோழிக்குள் அரிசி அடைத்த சூப், மழைக்கு ஏற்றதா?
— வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் கொரியர்கள் சம்கியேதாங் எனும் இந்தச் சூப்பை முக்கியமாகக் கோடையில்தான், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வரும் மூன்று கடும் வெயில் நாள்களில்தான் தேடிச் சாப்பிடுகிறார்கள். உடலின் வெப்பத்தை வெப்பத்தாலேயே வெல்ல வேண்டும் என்பது அவர்களின் கணக்கு. எனவே மழை நின்றுவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம், நம் ஊர் வெயிலுக்கும் அது பொருந்தும். அரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட சிறு கோழியில், ஒரு மணி நேரம் ஊறிய பசை அரிசி, பூண்டு, சீன மருந்துக் கடையில் கிடைக்கும் சிவப்புப் பேரீச்சை, ஒரு சிறு ஜின்செங் வேர் ஆகியவற்றை அடைத்து, கால்களைக் குறுக்காகக் கட்டி, கோழி மூழ்கும் அளவு நீரில் ஒரு மணி நேரம் மெதுவாக வேகவிடுங்கள். அரிசி உப்பும், முக்கால் வயிற்றுக்கு மேல் அடைத்தால் தோல் கிழிந்து, சூப் கஞ்சியாகிவிடும். உப்பும் மிளகும் சாப்பிடும்போதுதான். இரத்தத்தை நீர்க்க வைக்கும் மருந்து உட்கொள்வோர் ஜின்செங்கைத் தவிர்க்க வேண்டும்.

கேள்வி: கொதித்தபடியே மேசைக்கு வரும் அந்தக் கறுப்புச் சட்டியைத் தனியாக வாங்க வேண்டுமா?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தேவையில்லை. தீபாவளிச் சந்தையில் வாங்கிய மண்சட்டி வீட்டில் இருந்தால் அதுவே போதும். அடுப்பிலிருந்து இறக்கியபின்னும் சில நிமிடம் கொதித்துக்கொண்டிருக்கும். மீன் குழம்பு வைத்துப் பழகிய சட்டியை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள், மண் அந்த வாடையைப் பிடித்து வைத்திருக்கும். புதுச் சட்டியானால் அரிசி களைந்த நீரை ஊற்றிச் சிறு தீயில் ஒருமுறை கொதிக்கவிட்டுப் பழக்குங்கள். கழுவும்போது சோப்புப் போட வேண்டாம்.