வாசகர் கேள்வி–பதில்: 60 கோல் அடித்தவருக்கு 16 ஆட்டங்கள்தானா?

கேள்வி: இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய இங்கிலாந்துக் கால்பந்தைப் பற்றி எதைப் படித்தாலும் டிக்ஸி டீன் என்ற பெயரும், ஒரே சீசனில் 60 கோல் என்ற கணக்கும் வந்துவிடுகின்றன. இந்தக் காலத்தில் 30 கோல் அடித்தாலே கொண்டாடுகிறார்கள். அந்தக் கணக்கை அப்படியே நம்பலாமா?

பதில்: நம்பலாம். 1927–28 சீசனில் லிவர்பூல் நகரின் எவர்ட்டன் அணிக்காக, அன்று நாட்டின் உச்ச லீக்காக இருந்த முதல் டிவிஷனில் 39 ஆட்டங்கள் ஆடி 60 கோல்கள் அடித்தார் டீன். கோப்பை ஆட்டங்களோ நட்பு ஆட்டங்களோ இதில் சேரவில்லை. அந்த ஆண்டு எவர்ட்டன் லீக்கில் அடித்த கோல்கள் மொத்தம் 102. அதில் ஐந்தில் மூன்று பங்கு இவர் ஒருவருடையது. இன்றைய பிரீமியர் லீக்கின் சாதனை எர்லிங் ஹாலண்ட் 2022–23இல் அடித்த 36 கோல்கள்தான் என்பதை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் ஐயம் நியாயமானது என்றே தோன்றும்.

ஆனால் அந்தக் காலத்தின் ஒரு விவரத்தையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் கணக்கு முழுமையாகாது. 1925 வரை, சக ஆட்டக்காரர் பந்தை அடிக்கும் நேரத்தில் எதிரணியினர் மூவராவது தனக்கும் கோல் எல்லைக்கும் இடையே இருந்தால்தான் முன்னணி ஆட்டக்காரர் ஆஃப்சைடு ஆகாமல் தப்ப முடியும். அந்த ஆண்டு கோடையில் மூன்று என்பதை இரண்டாகக் குறைத்தார்கள். தடுப்பாட்டக்காரர்கள் புதிய விதிக்குப் பழகுவதற்குள் நாடெங்கும் கோல்கள் கொட்டின. மிடில்ஸ்பரோவின் ஜார்ஜ் காம்செல் 1926–27இல் இரண்டாம் டிவிஷனில் 59 கோல்கள் அடித்ததும் அந்த அலையில்தான். ஆகவே டீன் முறியடித்தது ஏதோ பழங்காலச் சாதனையை அல்ல, முந்தைய சீசனில் உருவான சாதனையை.

முறியடித்த விதமும் சொல்லத்தக்கது. கடைசி இரண்டு ஆட்டங்கள் மீதமிருந்தபோது அவர் கணக்கில் 53 கோல்கள் இருந்தன. இன்னும் ஏழு தேவை. பர்ன்லியில் நான்கு அடித்தார். 1928 மே 5 அன்று எவர்ட்டனின் சொந்த மைதானமான குடிசன் பார்க்கில் ஆர்சனல் அணிக்கு எதிராக மூன்று வேண்டியிருந்தது. லீக் பட்டம் ஏற்கெனவே எவர்ட்டனுக்கு உறுதியாகிவிட்டதால், வந்திருந்த 48 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த மூன்று கோல்களுக்காகவே வந்திருந்தார்கள் என்று சொல்லலாம். இரண்டு கோல்கள் முன்னதாகவே விழுந்துவிட்டன. அவற்றில் ஒன்று பெனால்டி. மூன்றாவது கோலுக்கு ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அலெக் ட்ரூப் எடுத்த கார்னர் பந்தைத் தலையால் முட்டி உள்ளே அனுப்பினார் டீன். ஆட்டம் 3–3 என்று முடிந்தது. அன்று அதைப் பற்றிக் கவலைப்பட்டவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: அப்படிப்பட்டவர் இங்கிலாந்துக்காக ஆடியது வெறும் 16 ஆட்டங்கள் என்று அறிந்தேன். இது புறக்கணிப்பு இல்லையா?

பதில்: ஓரளவுக்குப் புறக்கணிப்புத்தான், ஆனால் முழுவதும் அல்ல. கணக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் ஐந்து ஆட்டங்களில் அவர் செய்ததை வேறு எந்தத் தொடக்கத்தோடும் ஒப்பிடுவது கடினம். 1927 பிப்ரவரியில் வேல்ஸுக்கு எதிரான அறிமுக ஆட்டத்தில் இரண்டு கோல்கள். ஏப்ரலில் கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க்கில் ஸ்காட்லாந்தை இங்கிலாந்து 2–1 என்று வென்றபோது இரண்டுமே அவருடையவை. அந்த நகரில் இங்கிலாந்து வென்றது 1904க்குப் பிறகு அதுவே முதல் முறை. மே மாதச் சுற்றுப்பயணத்தில் பெல்ஜியத்துக்கு எதிராக மூன்று, லக்சம்பர்க்குக்கு எதிராக மூன்று, பிரான்சுக்கு எதிராக இரண்டு. ஐந்து ஆட்டங்களில் 12 கோல்கள். அறிமுக ஆட்டத்துக்கு எட்டு மாதங்கள் முன்பு, 1926 ஜூனில், வட வேல்ஸில் மோட்டார் சைக்கிள் விபத்தில் மண்டை ஓடும் தாடையும் உடைந்து, இனி இவர் ஆடவே முடியாது என்று மருத்துவர்கள் அஞ்சிய இளைஞர்தான் இவர் என்பதை மறந்துவிடக் கூடாது. விபத்தின்போது அவருக்கு வயது 19.

அடுத்த சீசனில்தான் விந்தை. எவர்ட்டனுக்கு 60 கோல்கள் அடித்த அதே 1927–28இல், அயர்லாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து ஆகிய மூன்று அணிகளுக்கும் எதிராக இங்கிலாந்தின் சென்டர் ஃபார்வர்டாக, அதாவது முன்வரிசையின் நடுவில், ஆடிய டீன் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. மூன்று ஆட்டங்களிலும் இங்கிலாந்து தோற்றது. கடைசித் தோல்வி 1928 மார்ச் 31 அன்று வெம்ப்ளியில், 5–1 என்ற கணக்கில். வென்ற ஸ்காட்லாந்து அணியை ‘வெம்ப்ளி மந்திரவாதிகள்’ என்று அந்நாட்டவர் இன்றும் பெருமையோடு நினைவுகூர்கிறார்கள். டீனின் ஆற்றல் குறைந்துவிட்டதா என்றால் இல்லை. ஐந்து வாரங்களில் ஆர்சனலுக்கு எதிரான அந்த மூன்று கோல்கள் வந்தன. என் கணிப்பில், அவருக்கு இங்கிலாந்து உடையில் கிடைக்காதது அலெக் ட்ரூப்தான். இடது ஓரத்திலிருந்து டீனின் தலைக்கு அளந்து வைத்தாற்போலப் பந்தை அனுப்பிய அந்தக் குள்ளமான விங்கர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். இங்கிலாந்துக்கு ஆட முடியாதவர். சென்டர் ஃபார்வர்டின் கோல்களில் பாதி விங்கருடைய உழைப்பு என்பது அந்தக் கால ஆட்டமுறையின் இயல்பு.

இனி அணியைத் தேர்ந்தெடுத்தவர்களைப் பார்ப்போம். அன்று இங்கிலாந்து அணிக்கு மேலாளர் என்று ஒருவர் இல்லை. முதல் மேலாளர் வால்டர் வின்டர்பாட்டம் பொறுப்பேற்றதே 1946இல்தான். கால்பந்துச் சங்கத்தின் தேர்வுக் குழு கூடி, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் புதிதாகப் பதினொருவரைப் பொறுக்கும். தோற்றால் பாதி அணி மாறும், வென்றாலும் மாறுவதுண்டு. ஆட்டங்களோ மிகக் குறைவு: அண்டை நாடுகளோடு ஆண்டுக்கு மூன்று, கோடையில் ஐரோப்பாவில் இரண்டோ மூன்றோ, அவ்வளவுதான். 1928இல் ஃபிஃபாவிலிருந்து பிரித்தானியச் சங்கங்கள் விலகிவிட்டதால் 1930, 1934, 1938 உலகக் கோப்பைகளில் இங்கிலாந்து கலந்துகொள்ளவில்லை. முதல் உலகக் கோப்பை உருகுவேயில் நடந்தபோது டீனுக்கு 23 வயது.

அந்தக் குறைந்த இடங்களுக்குப் போட்டியிட்டவர்களும் சாமானியர்கள் அல்லர். 1930–31இல் ஆஸ்டன் வில்லாவின் டாம் வேரிங் முதல் டிவிஷனில் 49 கோல்கள் அடித்தார்; அவருக்கு இங்கிலாந்து தந்தது ஐந்து ஆட்டங்கள். பிளாக்பூலின் ஜிம்மி ஹாம்ப்சன் மூன்றே ஆட்டங்களில் ஐந்து கோல்கள் அடித்தும் நான்காவது ஆட்டத்தைக் காணவில்லை. எல்லோரையும்விடக் குறைபட உரிமையுள்ளவர் காம்செல்தான்: 9 ஆட்டங்கள், 18 கோல்கள், ஆடிய ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு கோல். டீனின் மொத்தக் கணக்கும் அதே 18 கோல்கள்தான் என்பதைக் கவனியுங்கள்.

எவர்ட்டன் 1930இல் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியதும் அவருக்கு உதவவில்லை. ஆனால் அடுத்த ஆண்டே அணி மேலேறியது. அதற்கடுத்த 1931–32இல் டீனின் 45 கோல்களோடு முதல் டிவிஷன் பட்டத்தையும் வென்றது. 1931 டிசம்பரில் ஸ்பெயினை 7–1 என்று இங்கிலாந்து வீழ்த்தியபோது, புகழ்பெற்ற கோல்கீப்பர் ஸமோராவைத் தாண்டிப் போன பந்துகளில் ஒன்று டீனுடையது. 1932 அக்டோபரில் அயர்லாந்துக்கு எதிராக மேலும் ஓர் ஆட்டம். பிறகு அழைப்பே வரவில்லை. அப்போது அவருக்கு 25 வயது. அதே சீசனின் முடிவில் எவர்ட்டனின் அணித் தலைவராக, கால்பந்துச் சங்கம் நடத்தும் எஃப்.ஏ. கோப்பையை ஏந்தினார். முந்தைய விலக்கல்களுக்கெல்லாம் ஏதாவது ஒரு காரணம் காட்டலாம். இந்தக் கடைசி விலக்கலுக்கு மட்டும் நான் தேர்வுக் குழுவைத்தான் குறை சொல்வேன்.

கேள்வி: சென்டர் ஃபார்வர்டைக் குறிக்கும் ‘9ஆம் எண்’ என்ற சொல் டீனிடமிருந்துதான் வந்தது என்கிறார்களே?

பதில்: அந்த மரபின் தொடக்கத்தில் அவர் நிற்கிறார் என்பது வரை சரி. 1933 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் ஆட்டக்காரர்கள் எண் பொறித்த சட்டை அணிந்தார்கள். எவர்ட்டனுக்கு 1 முதல் 11 வரை, மான்செஸ்டர் சிட்டிக்கு 12 முதல் 22 வரை. சென்டர் ஃபார்வர்டான டீனுக்கு 9 வந்தது. எவர்ட்டன் 3–0 என்று வென்றது; அவரும் ஒரு கோல் அடித்தார். லீக் ஆட்டங்களில் எண்கள் கட்டாயமானது 1939இல்தான்.

கேள்வி: டிக்ஸி என்பது அவருடைய இயற்பெயரா?

பதில்: இல்லை. இயற்பெயர் வில்லியம் ரால்ஃப் டீன். 1907 ஜனவரி 22 அன்று லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள பர்க்கன்ஹெட்டில் பிறந்தவர். கருமை கலந்த நிறமும் சுருட்டை முடியும் கண்டு, அமெரிக்கத் தென்மாநிலங்களைக் குறிக்கும் சொல்லால் அழைத்தார்கள் என்பது பரவலான விளக்கம். சிறுவயதுப் பட்டப்பெயர் ஒன்று திரிந்தது என்பாரும் உண்டு. அவருக்கு அந்தப் பெயர் பிடிக்காது. பில் என்று அழைப்பதையே விரும்பினார். விரும்பாத பெயரால்தான் உலகம் அவரை அறிகிறது; நானும் அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: போர் அவருடைய ஆட்ட வாழ்வைப் பறித்துவிட்டதா?

பதில்: இல்லை, போர் வருவதற்கு முன்பே அது முடியும் தறுவாயில் இருந்தது. 16 வயதில் சொந்த ஊர் அணியான டிரான்மியர் ரோவர்ஸில் தொடங்கி, 1925 மார்ச்சில் 3,000 பவுண்டுக்கு எவர்ட்டனுக்கு வந்து, அங்கே 399 லீக் ஆட்டங்களில் 349 கோல்கள் அடித்த உடல் அது. தடுப்பாட்டக்காரர்களின் பூட்ஸ் தந்த காயங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. 1936 டிசம்பரில் பர்ன்லியிலிருந்து 17 வயது டாமி லாட்டனை எவர்ட்டன் வாங்கியபோது அது தனக்கு மாற்று என்று டீனுக்குத் தெரியும். தெரிந்தும் தலையால் ஆடும் நுட்பங்களை அந்தப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1938 மார்ச்சில் நாட்ஸ் கவுன்டிக்குப் போய் 9 ஆட்டங்கள். 1939 தொடக்கத்தில் அயர்லாந்தின் ஸ்லைகோ ரோவர்ஸில் 7 லீக் ஆட்டங்களில் 10 கோல்கள்.

போர் பறித்தது லாட்டனின் ஆண்டுகளை. 1939 வசந்தத்தில் எவர்ட்டனை லீக் பட்டத்துக்கு இட்டுச் சென்ற அவருக்குப் போர் தொடங்கியபோது 19 வயது. அப்போது தொடங்கியிருந்த 1939–40 சீசனின் லீக் மூன்றே சுற்றுகளோடு நிறுத்தப்பட்டது.

டீன் பின்னாளில் செஸ்டர் நகரில் ஒரு மதுக்கூடம் நடத்தினார். அவர் ஆடிய காலத்தில் எத்தனை கோல் அடித்தாலும் வாரம் 8 பவுண்டுக்கு மேல் சம்பளம் தரக் கூடாது என்பது லீக்கின் விதி. 1980 மார்ச் 1 அன்று, எவர்ட்டனும் லிவர்பூலும் மோதிய ஆட்டத்தைக் காணக் குடிசன் பார்க்குக்கு வந்திருந்தார். மாரடைப்பு ஏற்பட்டு அந்த மைதானத்திலேயே இறந்தார். வயது 73.