ஃபுளோரிடாவில் கடலோரச் சிறு நகரம் மாநில நிதி கேட்பது எப்படி?

கேள்வி: ஃபுளோரிடாவின் கிழக்குக் கரையில் ஒரு சின்ன நகரத்தில் இருக்கிறேன். நகர மன்றத்தின் ஆலோசனைக் குழுவில் தன்னார்வ உறுப்பினர். புயலில் கடற்கரை மணல் அடித்துப் போய்விட்டது, கோடையில் கால்வாய்களில் பாசி மண்டுகிறது. இரண்டையும் ஒரே திட்டமாக்கி மாநில அரசிடம் பெரிய தொகையாகக் கேட்கலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். இது சரிவருமா?

பதில்: வராது. பிரித்துக் கேளுங்கள். மணலுக்குப் பணம் வரும் வழி வேறு, தண்ணீருக்கு வரும் வழி வேறு. விதிகளும் கெடு தேதிகளும் ஒன்றாக இருக்காது. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்தால், கேட்டதில் ஒரு பகுதியை மட்டும் ஒதுக்குவார்கள், அந்தப் பணத்தில் எந்த வேலையும் முழுதாக முடியாது.

மணல் விஷயம் சுருக்கமானது. மாநிலச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறை கடுமையாக அரித்துப்போன கடற்கரைகளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, உங்கள் கரை அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் மணல் நிரப்பும் நிதிக்கு விண்ணப்பம் எழுதுவதே வீண் உழைப்பு. இருந்தால் அடுத்து வரும் கேள்வி, பொதுமக்கள் கரைக்குப் போக வழியும் வண்டி நிறுத்த இடமும் எவ்வளவு இருக்கிறது என்பது. தனியார் வீடுகளுக்குப் பின்னால் மட்டும் கிடக்கும் கரைக்கு மக்கள் பணம் கிடைப்பது கடினம், அது நியாயமும்கூட.

வெள்ளம், கடல்மட்ட உயர்வு தொடர்பான வேலைகளுக்கு 2021-இல் தொடங்கிய ரெசிலியன்ட் ஃபுளோரிடா திட்டம் இருக்கிறது. எந்தச் சாலை, எந்தக் கழிவுநீர் நிலையம், எந்த மருத்துவமனை தண்ணீரில் மூழ்கும் என்ற பாதிப்பு மதிப்பீடு இதற்கு முதலில் வேண்டும், அதைச் செய்யவே தனி மானியமும் உண்டு. திட்டங்களைச் செப்டம்பர் 1-க்குள் கொடுக்க வேண்டும். செலவில் பாதியை நகரம் போட வேண்டும் என்பது பொது விதி, ஆனால் மக்கள்தொகை 10,000 அல்லது அதற்குக் கீழே இருந்து தனிநபர் வருமானமும் மாநிலச் சராசரியைவிடக் குறைவாக இருந்தால் அந்தப் பங்கிலிருந்து விலக்கு உண்டு. உங்கள் நகரம் இதில் வருமா என்று நாளைக்கே பாருங்கள்.

இப்போது தண்ணீர். அதிக உழைப்பு இங்கேதான் வேண்டும். பாசியை அள்ளுவதற்குப் பணம் கேட்காதீர்கள், அடுத்த கோடையில் அது திரும்ப வரும். பாசிக்குத் தீனி நைட்ரஜனும் பாஸ்பரஸும், அவை எங்கிருந்து வருகின்றன என்று காட்டுங்கள். ஃபுளோரிடாவில் சுமார் 26 லட்சம் செப்டிக் டேங்குகள் இருக்கின்றன. மண் மணற்பாங்கு, நிலத்தடி நீரும் மேலேயே நிற்கிறது, அதனால் கால்வாய் ஓரத்துப் பழைய டேங்கிலிருந்து கசியும் நைட்ரஜன் பெரும்பாலும் தடையில்லாமல் தண்ணீரில் போய்ச் சேருகிறது. நம்ம கிழக்குக் கரையின் உப்பங்கழியான இந்தியன் ரிவர் லகூனில் 2011-இல் பெரும் பாசிப் பெருக்கு வந்து கடற்புல் அழியத் தொடங்கியது, 2021-இல் மாநிலம் முழுக்க, கடற்புல் தின்னும் மனாட்டிகள் (கடற்பசுக்கள்) 1,100 செத்தன, அதில் லகூன் பக்கம் செத்தவற்றில் பல பட்டினியால் செத்தவை. இத்தனைக்கும் பிறகு நம்ம கால்வாயை அழகு சார்ந்த பிரச்சினையாக யாராவது பேசினால் எனக்குக் கோபம் வருகிறது.

ஆகவே விண்ணப்பத்தில் இருக்க வேண்டியது ஒரு தெருவின் பெயர், அங்கே எத்தனை வீடுகளைப் பாதாளச் சாக்கடையில் இணைக்கப் போகிறீர்கள், அதனால் வருடத்துக்கு எத்தனை பவுண்டு நைட்ரஜன் குறையும், ஒரு பவுண்டுக்கு என்ன செலவு. இந்தக் கணக்கு இருந்தால் மதிப்பிடுபவர்கள் உங்களை மற்ற நகரங்களோடு ஒப்பிட முடியும், இல்லாவிட்டால் எத்தனை புகைப்படம் வைத்தாலும் பயனில்லை. அப்புறம் சொந்தப் பணம். லகூன் கரையில் இருக்கும் பிரெவர்ட் கவுண்ட்டி (மாவட்டம் போன்றது) மக்கள் 2016-இல் லகூனுக்காக டாலருக்கு அரை சென்ட் விற்பனை வரிக்குத் தாங்களே வாக்களித்தார்கள். கையில் இப்படி உள்ளூர்ப் பணத்தோடு போகிறவர்களுக்கு, பங்குத்தொகை எங்கே என்ற கேள்விக்குப் பதில் தயாராக இருக்கும். அது இல்லையென்றால் மாநிலச் சுழல்நிதியின் (திரும்பி வரும் கடன் பணத்தையே மறுபடி கடனாகக் கொடுக்கும் நிதி) குறைந்த வட்டிக் கடனைப் பாருங்கள், ஏழ்மையான சிறு நகரங்களுக்கு அசலில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்வதும் உண்டு.

சட்டமன்றம் வழியாக நேரடி ஒதுக்கீடு கேட்பதானால் காலண்டரைப் பாருங்கள். கூட்டத்தொடர் 60 நாள்தான், இரட்டைப்படை ஆண்டில் ஜனவரியில், ஒற்றைப்படை ஆண்டில் மார்ச்சில் தொடங்கும். அதற்கு முன்பே உங்கள் கவுண்ட்டியின் சட்டமன்ற உறுப்பினர்கள் கூடிக் குறை கேட்பார்கள், அங்கே நகரத்தின் சார்பில் ஒருவர் எழுந்து பேச வேண்டும். பிரதிநிதிகள் சபையில் ஒருவர், செனட்டில் ஒருவர் என இரு பக்கமும் உங்கள் கோரிக்கையை முன்வைக்க ஆள் வேண்டும். இதையெல்லாம் தாண்டி பட்ஜெட்டில் ஏறிய பிறகும் ஆளுநர் உங்கள் ஒதுக்கீட்டை மட்டும் வெட்டிவிடலாம், அவருக்கு அந்த அதிகாரம் இருக்கிறது. எனவே இந்தப் பணத்தை நம்பி ஒப்பந்தம் போட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, மன்றத்தில் பலரும் கேட்க மறக்கும் ஒன்று. மானியங்கள் பெரும்பாலும் முன்பணமாக வராது, நகரம் செலவழித்து ரசீது கொடுத்த பிறகுதான் வரும். ஒப்பந்ததாரருக்கு மாதாமாதம் கொடுக்க நகரக் கஜானாவில் எவ்வளவு இருக்கிறது என்பதை, தீர்மானம் போடும் முன் நிதி அதிகாரியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.