முகாமில் தூங்க எவ்வளவு அகலமான ஹேமக் வேண்டும்?

கேள்வி: என் உயரம் 5 அடி 8 அங்குலம். ஒருக்களித்துப் படுத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். முகாமில் இரவு தங்க ஹேமக், அதாவது இரு மரங்களுக்கு நடுவே கட்டித் தொங்கவிடும் துணிப்படுக்கை, வாங்கப் போகிறேன். ஒற்றை ஆள் அகலம் போதுமா, இருவர் படுக்கும் அகலத்தில் வாங்க வேண்டுமா?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தைப் பிறகு பார்க்கலாம். உங்களுக்கு 11 அடி நீளம், அதாவது சுமார் 335 செ.மீ. இருக்கட்டும். அகலம் 160 முதல் 170 செ.மீ. வரை போதும். 2 மீட்டர் அகலம் தேவையே இல்லை. நீங்கள் அகலத்தைக் கேட்டிருக்க நான் நீளத்தில் ஆரம்பிக்கிறேனே என்று தோன்றலாம். அந்த வரிசையைத் தெரிந்துகொள்ள நான் பல இரவுகளின் தூக்கத்தைக் கொடுத்திருக்கிறேன்.

நான் முதன்முதலில் வாங்கியது 9 அடி நீளம், 140 செ.மீ. அகலம். பகலில் ஏறிப் படுத்துப் புத்தகம் படித்தபோது அவ்வளவு சுகமாக இருந்தது. இரவு ஒரு மணி வாக்கில் முழங்காலுக்குப் பின்னால் வலியெடுத்து விழித்துக்கொண்டேன். கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். கெண்டைக்காலுக்கு அடியில் துணி விறைத்துப்போய், உள்ளே ஒரு கயிறு ஓடுவதுபோல் நீளவாக்கில் மேடிட்டு நின்றது. காலை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் அந்த மேட்டின் மேலேயே வந்து விழுந்தது. தோள்கள் இரண்டும் மார்பை நோக்கி ஒடுங்கிக் கிடந்தன. விடியும்வரை புரண்டுகொண்டே இருந்தேன். அகலம் பற்றவில்லை, அதனால்தான் இத்தனை அவதி என்று நினைத்தேன்.

அடுத்து வாங்கியது இருவருக்கானது என்று எழுதியிருந்த ஒன்று. அகலம் ஏறக்குறைய 2 மீட்டர், நீளம் ஒன்பதரை அடி. தோள் கொஞ்சம் விடுபட்டது, காலடி மேடு மட்டும் அப்படியே இருந்தது. கூடவே புதிதாக ஒரு தொல்லை. தேவைக்கு மேல் இருந்த துணி முகத்தின் மேல் சரிந்து விழுந்தது. மூச்சுக்காற்று பட்டு ஈரமாகி, மூக்கோடு ஒட்டிக்கொண்டது. தள்ளிவிட்டால் அரை நிமிடத்தில் திரும்பவும் வந்து படியும்.

மூன்றாவது, கூட வந்த நண்பரிடம் ஓரிரவுக்குக் கேட்டு வாங்கியது. 11 அடி நீளம், 150 செ.மீ. அகலம். என்னுடைய இரண்டாவது ஹேமக்கைவிட அரை மீட்டர் குறுகலானது. அதில் படுத்தவன் பறவைச் சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன்.

இதற்குக் காரணம், நாம் அதில் படுக்கும் விதம். இரண்டு முனையும் சுருக்கிக் கட்டிய ஹேமக்கில் நடுக்கோட்டோடு நேராகப் படுத்தால் முதுகு வாழைப்பழம்போல் வளையும். இரவு முழுக்க அப்படிக் கிடக்க இடுப்பு தாங்காது. தலையை ஒரு பக்கமும் காலை எதிர்ப்பக்கமுமாகத் தள்ளி, மூலைவாட்டில் சாய்ந்து படுக்க வேண்டும். அப்போது துணி உடம்புக்குக் கீழே கிட்டத்தட்டத் தட்டையாக விரிந்து கொடுக்கும். அப்படிச் சாயும்போது தலையும் காலும் நடுக்கோட்டைவிட்டு விலகுவதற்கு இடம் தருவதுதான் அகலத்தின் முதல் வேலை. தோளுக்கு இடம் தருவது அதற்கு அடுத்துதான். நீளம் குறைந்தால் எவ்வளவு அகலம் இருந்தும் சாய்ந்து படுக்க முடியாது, முனைச் சுருக்கங்கள் காலையும் தலையையும் நடுவுக்கே இழுத்துவிடும். என் இரண்டாவது ஹேமக்கில் நடந்தது இதுதான்.

உங்கள் அளவை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 5 அடி 8 அங்குலம் என்பது 173 செ.மீ. நடுக்கோட்டிலிருந்து சுமார் 12 பாகை சாய்ந்து படுப்பதாக வைத்துக்கொள்வோம். உங்கள் தலைக்கும் காலுக்கும் இடையே பக்கவாட்டு விலகல் 36 செ.மீ. வரும். தோள் அகலத்துக்கு 45. உடம்பைத் தாங்கி மேலே எழுவதற்கு இரு பக்கமும் முப்பது முப்பது செ.மீ. துணி வேண்டும். கூட்டினால் 141. மல்லாந்து தூங்குகிறவருக்கு 150 செ.மீ. தாராளம் என்பது இதிலேயே தெரிகிறது. நீங்கள் ஒருக்களித்துப் படுப்பவர், முழங்காலை மடக்குவீர்கள். அதற்கு இன்னும் 20, 25 செ.மீ. சேருங்கள். 160, 170 என்று நான் சொன்னது இப்படி வந்ததுதான். உயரம் இன்னும் ஒரு சாண் கூடினாலும் இந்தக் கணக்கில் அகலம் நாலைந்து செ.மீ.தான் கூடும். உயரமானவர்களை நீளம்தான் காப்பாற்றும். பரந்த தோள் உள்ளவர்களுக்கு அகலமும் வேண்டும்.

கடைக்காரர் எழுதியிருக்கும் அளவு, துணியைத் தரையில் விரித்து அளந்தது. கட்டித் தொங்கவிட்டபின் அதே அகலம் கைக்குக் கிடைக்குமா என்பது கட்டும் விதத்தைப் பொறுத்தது. அகலம் போதவில்லை என்று குறைப்படுகிறவர்களில் பலரும் உண்மையில் இழுத்து விறைப்பாகக் கட்டியவர்களாகவே இருப்பார்கள். தொய்வில்லாமல் கட்டினால் மட்டமாக இருக்கும் என்று நினைப்பது இயல்புதான், ஆனால் நடப்பது நேர்மாறு. துணியின் இரு ஓரங்களும் கம்பிபோல் விறைத்துக்கொண்டு தோளை இருபுறமும் நெருக்கும். கயிறு கிடைமட்டத்திலிருந்து சுமார் 30 பாகை சரிவில் இறங்க வேண்டும். அந்தச் சரிவில் ஒவ்வொரு பக்கக் கயிற்றிலும் விழும் இழுவை உங்கள் எடைக்குச் சமம். சரிவு 15 பாகையாகக் குறைந்தால் அதே இழுவை கிட்டத்தட்ட இரு மடங்காகிவிடும். தோளும் நோகும், மரத்துக்கும் கட்டுக்கும் வீண் பளு. ஒவ்வொரு முறையும் ஒரே தொய்வு கிடைக்க, இரு முனைகளுக்கும் இடையே துணி நீளத்தில் 83 விழுக்காடு அளவுள்ள, இழுத்தாலும் நீளாத மெல்லிய கயிறு ஒன்றைக் கட்டிவைப்பார்கள். 335 செ.மீ. துணிக்கு அது 278 செ.மீ. இதை ஒருமுறை செய்துவிட்டால் மரங்கள் எவ்வளவு தள்ளி நின்றாலும் படுக்கை மாறாது. இருக்கிற ஹேமக்கை வீசிவிட்டு அகலமானது வாங்க நினைப்பவர்கள் முதலில் இந்தக் கயிற்றைக் கட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கொஞ்சம் கூடவே இருந்துவிட்டுப் போகட்டுமே என்பீர்கள். எடை பெரிய விஷயமில்லை. சதுர மீட்டருக்கு 50 கிராம் உள்ள நைலான் துணியில் 150 செ.மீ. அகலத்துக்கும் 200 செ.மீ. அகலத்துக்கும் வித்தியாசம் சுமார் 84 கிராம்தான். தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. மிஞ்சிய துணி காற்றில் படபடவென்று அடிக்கும். மழையில் மேலே கட்டிய தார்ப்பாயைத் தாண்டி வெளியே தொங்கி நனையும், நனைந்த ஓரம் வழியாகத் தண்ணீர் படுக்கைக்குள் இறங்கும். எல்லாவற்றையும்விட முக்கியம் குளிர். ஹேமக்கில் குளிர் கீழிருந்துதான் ஏறும், உறங்குபையின் அடிப்பக்கம் உடம்பின் கனத்தில் நசுங்கிவிட்டால் அதில் சூடு தங்காது. அதற்காக வெளியே, முதுகுக்கு அடியில் தொங்கவிடும் மெத்தை துணியோடு ஒட்டி இருந்தால்தான் பயன். துணி மிக அகலமாக இருந்து அங்கங்கே மடிப்பு விழுந்தால் இடைவெளி உண்டாகி, அதில் காற்று புகுந்துகொள்ளும்.

உள்ளே விரிக்கும் மெத்தையைப் பயன்படுத்துவதாக இருந்தால் நிலைமை கொஞ்சம் மாறும். 50 செ.மீ. அகல மெத்தையில் முதுகு அடங்கிவிடும், தோள் இரண்டும் வெளியே துணியைத் தொட்டுக்கொண்டு சில்லிட்டுப் போகும். 60 செ.மீ. தாண்டிய மெத்தை வேண்டும், அது சுருளாமல் கிடக்க ஹேமக்கிலும் 165 செ.மீ.க்குக் குறையாத அகலம் வேண்டும். உங்களுக்கு நான் சொன்ன அளவில் 165 முதல் 170 வரை உள்ளதை எடுத்தால் இதற்கும் ஒத்துவரும்.

இருவருக்கானது என்ற பெயரை நம்பி இரண்டு பேர் படுக்காதீர்கள். சரிவு இருவரையும் நடுவுக்கே உருட்டும், மூலைவாட்டில் சாய ஒருவருக்கும் இடம் இருக்காது. உட்கார்ந்து பேச நல்லது. தூங்குவதற்கு ஆளுக்கொன்றாகக் கட்டிக்கொள்ளுங்கள்.

கட்டையால் முனைகளை விரித்த ஹேமக்குகளுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அவை பார்க்கத் தட்டையாக இருக்கும், லேசாகப் புரண்டாலே கவிழ்த்துவிடும். முகாம் தூக்கத்துக்கு அவற்றை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

வாங்கிய பிறகு, பயணத்துக்கு முன்பே ஓர் இரவு முழுக்க அதில் தூங்கிப் பாருங்கள். பத்து நிமிடம் படுத்துப் பார்த்தால் எல்லா ஹேமக்கும் சுகமாகத்தான் இருக்கும். சாய்ந்து படுத்தபின் குதிகால் துணியின் ஓரத்தைத் தாண்டி நழுவினால் அகலம் குறைவு. குதிகால் உள்ளேயே இருந்தும் முழங்காலுக்கடியில் மேடு தட்டினால் நீளம் குறைவு, அல்லது கட்டு விறைப்பு. கால் பக்கக் கட்டைத் தலைப்பக்கத்தைவிட ஒரு சாண் உயர்த்திப் பாருங்கள், உடம்பு கால்பக்கம் சறுக்காமல் நிற்கும், பல நேரம் மேடும் குறையும். துணி முகத்தில் விழுந்தால் அதற்காக ஹேமக்கை மாற்ற வேண்டாம். தொய்ந்து விழும் ஓரத்தின் நடுவில் ஒரு சின்னக் கண்ணி தைத்து, மெல்லிய எலாஸ்டிக் கயிற்றை அதில் கோத்து, வெளிப்பக்கமாகத் தரையில் ஒரு முளையடித்துக் கட்டிவிடுங்கள். புரண்டு படுக்கும்போது கயிறு கூடவே நீண்டு கொடுக்கும், துணி முகத்தைவிட்டு விலகியே நிற்கும்.