டாலஸ் வீட்டுக்கு வந்த தண்ணீர்க் கடிதம்: 240 டாலர் கட்டலாமா?

கேள்வி: வணக்கம் சார். பத்து வருடம் டெக்சாஸில் எச்-1பி விசாவில் இருந்துவிட்டு 2022 ஆகஸ்டில் குடும்பத்தோடு பெங்களூரு திரும்பினோம். இப்போது கே.ஆர்.புரத்தில் இருக்கிறோம். கிரீன் கார்டு வாங்கவில்லை. டாலஸ் பக்கத்தில் இருக்கும் வீட்டை விற்காமல் மாதம் 2,400 டாலருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். கடன் எல்லாம் அடைந்துவிட்டது. போன வாரம் அந்த ஊர் தண்ணீர்த் துறையிடமிருந்து ஒரு கடிதம். தோட்டத்து ஸ்பிரிங்க்ளர் லைனில் உள்ள ‘பேக்ஃப்ளோ’ கருவியை 30 நாளுக்குள் சோதித்து ரிப்போர்ட் தரவேண்டுமாம். தராவிட்டால் இணைப்பைத் துண்டிப்பார்களாம். வாடகையில் 8 சதவீதம் வாங்கிக்கொண்டு வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஏஜென்சி 240 டாலர் கேட்கிறது. இது ஏமாற்று வேலையா? கட்டாமல் விட்டால் என்ன ஆகும்? கட்டினால் இங்கிருந்து அனுப்ப வேண்டுமா, வரியில் கழிக்க முடியுமா?

பதில்: இப்படிச் சோதனை கேட்பது ஏமாற்று வேலை இல்லை. சோதனையைச் செய்துவிடுங்கள். ஆனால் அந்த 240 டாலருக்கு இன்றே தலையாட்ட வேண்டாம். அதைவிட முக்கியமாக, நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. அதில் போகும் பணத்தோடு பார்த்தால் இந்த 240 டாலர் கொசுறு. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் கடிதம் என்ன கேட்கிறது என்று பார்ப்போம். அல்சூரில் என் வீட்டு சம்ப்பில், தொட்டி நிரம்பியதும் தண்ணீரை நிறுத்தும் ‘பால் காக்’ ஒருமுறை பழுதாகி, காவிரித் தண்ணீர் வரும் குழாயின் வாய் முழுக்க சம்ப் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது. தெருவில் வரத்து நின்ற அந்த நிமிடம் ‘சர்ர்ர்’ என்று ஒரு உறிஞ்சல் சத்தம். உள்ளே வந்த தண்ணீர் வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. சம்ப்பில் அன்று பாதி டேங்கர் தண்ணீர், அடியில் இரண்டு வருட வண்டல். அதெல்லாம் தெருக் குழாய்க்குள் போய், அடுத்த முறை திறந்துவிடும்போது பக்கத்து வீட்டுக்குத்தான் வந்திருக்கும். பேக்ஃப்ளோ என்றால் இவ்வளவுதான். மெயின் குழாயில் அழுத்தம் விழுந்தால் வீட்டுத் தண்ணீர் பின்னால் இழுக்கப்படும். வீட்டுப் பக்கம் பம்ப் வைத்து அழுத்தம் ஏறினால் பின்னால் தள்ளப்படும்.

உங்கள் டாலஸ் வீட்டில் அந்த சம்ப்பின் இடத்தில் ஸ்பிரிங்க்ளர் லைன் இருக்கிறது. புல்தரையில் போட்ட உரம், பூச்சிமருந்து, நாய்க் கழிவு எல்லாம் ஊறிய மண்ணுக்குள் அதன் தலைகள் புதைந்திருக்கின்றன. பக்கத்தில் தீயணைப்பு வண்டிக்காகத் தெருவிலுள்ள ஹைட்ரண்ட் குழாயைத் திறந்தாலோ, மெயின் குழாய் உடைந்தாலோ அந்தச் சேற்றுத் தண்ணீர் குடிநீர் லைனுக்குள் இழுபடலாம். அதைத் தடுக்கத்தான் அந்தக் கருவி. 1933-ல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தபோது இரண்டு ஹோட்டல்களில் குழாய் இணைப்புகள் சரியில்லாமல் கழிவுநீர் குடிநீரில் கலந்து, அமீபா வயிற்றுக்கடுப்பில் 98 பேர் இறந்தார்கள். அந்த நாட்டுத் தண்ணீர்த் துறைகள் இந்த விஷயத்தில் இவ்வளவு கறாராக இருப்பதில் எனக்கு வியப்பில்லை.

இனி பணம். டெக்சாஸில் இந்தச் சோதனையை யார் வேண்டுமானாலும் செய்துவிட முடியாது. மாநில சுற்றுச்சூழல் ஆணையத்தின் உரிமம் பெற்ற டெஸ்டர்தான் செய்ய வேண்டும். பல ஊர்களில் உள்ளூர்த் தண்ணீர்த் துறையிலும் அவர் பதிவு செய்திருக்க வேண்டும்; அந்தப் பட்டியலைத் துறையே கேட்டால் தரும். கடிதத்தில் அச்சடித்திருக்கும் எண்ணுக்கு அழைக்காமல், துறையின் இணையதளத்தில் உள்ள எண்ணுக்கு அழைத்து மூன்று விஷயம் கேளுங்கள். கடிதம் அவர்கள் அனுப்பியதுதானா? பதிவு பெற்ற டெஸ்டர்கள் யார் யார்? உங்கள் வீட்டுக்கு வருடா வருடம் சோதனை தேவையா, அல்லது இந்த ஒருமுறையா? மூன்றாவதைக் கட்டாயம் கேளுங்கள். சுகாதார ஆபத்து என்று வகைப்படுத்தப்பட்ட இணைப்புகளுக்குத்தான் மாநில விதி வருடாந்திரச் சோதனை கேட்கிறது. சாதாரண வீட்டு ஸ்பிரிங்க்ளருக்கு ஊர் விதி கூடுதலாகக் கேட்கலாம், கேட்காமலும் இருக்கலாம். ஏஜென்சி இதை ‘வருடாந்திரத் திட்டம்’ என்று தலையில் கட்டுவதற்கு முன்னால் உங்களுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு பட்டியலில் இருந்து இரண்டு டெஸ்டர்களிடம் விலை கேளுங்கள். ஏஜென்சியிடம் 240 டாலரைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்: டெஸ்டருக்கு எவ்வளவு, ரிப்போர்ட் பதிவேற்ற எவ்வளவு, அவர்கள் ‘ஒருங்கிணைப்பு’ எவ்வளவு. வாடகையில் 8 சதவீதம் மாதாமாதம் எடுத்துக்கொள்பவர்கள் ஒரு போன் போடத் தனிக்காசு கேட்டால் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். வாடகை ஒப்பந்தத்தையும்தான். தண்ணீர்க் கணக்கு குடியிருப்பவர் பெயரில் இருந்தாலும் கருவி உங்கள் சொத்து, எனவே இந்தச் செலவு பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். கட்டாமல் விட்டு இணைப்பு போனால், தண்ணீர் இல்லாத வீட்டுக்கு வாடகை கேட்க உங்களுக்கு முகம் இருக்காது. குடியிருப்பவர் நஷ்டஈடு கேட்டால் சொல்லப் பதிலும் இருக்காது.

சோதனையே கால் மணி, அரை மணி வேலை. வீட்டோரப் பூச்செடிகளுக்கு நடுவே தரைக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும் பித்தளைச் சாமான் நினைவிருக்கிறதா? மணி மாதிரி ஒரு தொப்பி, இரண்டு பக்கமும் வால்வு. அப்படியிருந்தால் அது பிரஷர் வேக்யூம் பிரேக்கர். டெஸ்டர் அதிலிருக்கும் இரண்டு சிறு குழாய்முனைகளில் அளவுமானியை மாட்டி, வால்வை மூடி, இரண்டு எண்களைக் குறித்துக்கொள்வார்: காற்று வாய் எந்த அழுத்தத்தில் திறந்தது, தடுப்பு வால்வு எவ்வளவு தாங்கியது. இரண்டுமே 1.0 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) அல்லது அதற்கு மேல் இருந்தால் தேறியது.

இந்த எண்களை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. சோதிப்பவரே பழுதும் பார்ப்பார், புதுக் கருவியும் விற்பார். ‘ஃபெயில், மாற்ற வேண்டும்’ என்று சொன்னால், 9,000 மைல் தள்ளி உட்கார்ந்திருக்கும் நீங்கள் சரி என்பதைத் தவிர வேறென்ன செய்வீர்கள்? எனவே ரிப்போர்ட்டில் குறித்த எண்களையும், மானியோடு கருவியின் படத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். பல நேரம் உள்ளே இருக்கும் ரப்பரும் ஸ்பிரிங்கும் மாற்றினாலே தேறிவிடும். கருவியின் உடலே வெடித்திருந்தால்தான் முழுசாக மாற்ற வேண்டும். டெக்சாஸில் அதுவும் நடக்கும். 2021 பிப்ரவரிக் குளிரை நீங்களே அங்கிருந்து பார்த்திருப்பீர்கள். இந்தச் சாமான் வெளியில் நிற்பதால் முதலில் உறைவது இதுதான்.

பணம் அனுப்புவது பற்றி: இங்கிருந்து ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். அங்கே வசிக்கும்போது வாங்கிய வீட்டையும் வங்கிக் கணக்கையும் திரும்பி வந்த பிறகும் வைத்துக்கொள்ள ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிக்கிறது, அந்த வாடகையையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம். அமெரிக்கக் கணக்கிலிருந்தே கட்டுங்கள். இங்கிருந்து அனுப்பினால் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான எல்ஆர்எஸ் படிவம், வங்கிக் கமிஷன், மாற்று விகித நஷ்டம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான்.

வரியில் கழிக்கலாமா என்றால், அமெரிக்காவில் கழிக்கலாம். நீங்கள் அங்கே நான்-ரெசிடென்ட் ஏலியன், அதாவது அங்கே வசிக்காத வெளிநாட்டவர். அப்படிப்பட்டவர்களுக்கான 1040-என்ஆர் என்ற வரி ரிட்டர்னைத் தாக்கல் செய்யும்போது 871(டி) பிரிவின்கீழ் விருப்பம் தெரிவித்திருந்தால் செலவுபோக நிகர வாடகைக்கு மட்டும் வரி. ஏஜென்சியிடம் அதைத் தெரிவிக்கும் டபிள்யூ-8இசிஐ படிவமும் கொடுத்திருக்க வேண்டும். இது இல்லாவிட்டால் மொத்த வாடகையில் 30 சதவீதம், எந்தக் கழிவும் கிடையாது. சோதனைக் கட்டணம் அந்த வருடச் செலவு. கருவியையே மாற்றினாலும் பில் 2,500 டாலருக்குள் இருந்தால் அந்த வருடமே செலவாக எழுத வழி இருக்கிறது. டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

இந்தியாவில் கழிக்க முடியாது. இங்கே வீட்டு வாடகை வருமானத்துக்குக் கணக்கே வேறு: வாடகையில் கட்டிய சொத்துவரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதம் மொத்தமாகத் தள்ளுபடி. பழுது, காப்பீடு, ஏஜென்சி கமிஷன், பேக்ஃப்ளோ எல்லாம் அந்த முப்பதுக்குள் அடக்கம்.

இப்போது நீங்கள் கேட்காத கேள்வி. 2022 ஆகஸ்டில் வந்தவர் என்பதால் முதல் இரண்டு, மூன்று நிதியாண்டுகள் ஆர்என்ஓஆர் (இங்கே வசித்தாலும் ‘வழக்கமாக வசிப்பவர் அல்ல’) என்ற தகுதியில் டாலஸ் வாடகைக்கு இங்கே வரி இருந்திருக்காது. 2025-26-லிருந்து அந்தக் குடை மடங்கிவிட்டது. உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே கணக்குக் காட்ட வேண்டும். ஒரு உத்தேசக் கணக்குப் போடுகிறேன், சொத்துவரி 7,500 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருட வாடகை 28,800. அமெரிக்காவில் சொத்துவரி 7,500, காப்பீடு 2,400, கமிஷன் 2,304, பழுதும் சோதனையும் 1,000 போக, கட்டடத்தின் விலையை 27.5 வருடத்துக்குப் பிரித்து வரும் தேய்மானம் 10,000. மிச்சம் 5,596, அதற்கு 10 சதவீத வரி சுமார் 560 டாலர்.

இந்தியாவில் தேய்மானம் கிடையாது. 28,800-ல் சொத்துவரி போக 21,300. 30 சதவீதம் தள்ளினால் 14,910. வெளிநாட்டு உள்ளாட்சிக்குக் கட்டிய சொத்துவரியைக் கழிக்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் அறுபதுகளிலேயே சொல்லிவிட்டது, ரசீதுகளை மட்டும் பத்திரமாக வையுங்கள். நீங்கள் 30 சதவீத ஸ்லாபில் இருந்தால் வரியும் செஸ்ஸும் சேர்த்து ஏறக்குறைய 4,650 டாலர். அமெரிக்காவில் கட்டிய 560-ஐ, வெளிநாட்டில் கட்டிய வரிக்கான ஃபார்ம் 67 போட்டு இங்கே கட்டும் வரியில் கழித்துக்கொண்டாலும், இங்கே 4,000 டாலருக்கு மேல் கையிலிருந்து போகும். அங்கே ஜனவரி-டிசம்பர், இங்கே ஏப்ரல்-மார்ச் என்பதால் ஏஜென்சியிடம் மாதவாரியாகக் கணக்கு கேட்டு வாங்குங்கள்.

ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துகளுக்கான ஷெட்யூல் எஃப்ஏ-வில் வீட்டையும் அமெரிக்க வங்கிக் கணக்கையும் காட்ட வேண்டும். விட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம். 2024 அக்டோபரில் 20 லட்சம் வரையிலான சொத்துகளுக்குத் தளர்வு வந்தது, ஆனால் அதில் வீடு, நிலம் சேராது. ‘அங்கே வரி கட்டிவிட்டேனே, இங்கே எதற்கு’ என்று கேட்டுக்கொண்டு வருபவர்களை வருடத்துக்கு நாலைந்து பேராவது பார்க்கிறேன்.

கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. டாலஸில் காலை ஒன்பது மணி என்றால் நமக்கு இரவு ஏழரை, குளிர்காலத்தில் எட்டரை. இன்று சாப்பாட்டுக்கு முன்னால் தண்ணீர்த் துறைக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். 2025-26 ரிட்டர்னைப் போட்டாகிவிட்டது, அதில் டாலஸ் வாடகை இல்லை என்றால், திருத்திய ரிட்டர்ன் போட இன்னும் நாள் இருக்கிறதா என்று உங்கள் ஆடிட்டரிடம் இந்த வாரமே கேளுங்கள்.